குதிரையை இடிக்கவில்லை, ஆனாலும் காவல் துறைக் கடிதம் வந்திருக்கிறது

கேள்வி: நான் இங்கிலாந்தின் டெவன் பகுதியில், முதியோரின் வீடுகளுக்குக் காரில் சென்று அவர்களைப் பராமரிக்கும் வேலை செய்கிறேன். இங்கு ஓட்டுநர் தேர்வில் தேறி ஓர் ஆண்டுதான் ஆகிறது. சென்ற மாதம், இருபுறமும் உயரமான புதர்வேலி அமைந்த ஒரு குறுகிய கிராமச் சாலையில் ஒரு பெண்மணியும் சுமார் 14 வயதுச் சிறுமி ஒருத்தியும் குதிரைகளில் அருகருகே போய்க்கொண்டிருந்தார்கள். வெகுநேரம் வழி கிடைக்காததால் இரண்டு முறை ஹாரன் அடித்துவிட்டு, சாலை சற்று அகன்ற இடத்தில் அவர்களைக் கடந்தேன். சிறுமியின் குதிரை மிரண்டு என் காரின் பின்கதவை உதைத்தது. அவள் கீழே விழுந்தாள். உடனே அவள் எழுந்து நின்றதைக் கண்ணாடியில் பார்த்தேன். அந்தப் பெண்மணி கூச்சலிட்டதால் பயந்துபோய் நிற்காமல் வந்துவிட்டேன். சம்பவம் நடந்த 17-ஆம் நாள், காரை ஓட்டியவர் யார் என்று கேட்டுக் காவல் துறையிடமிருந்து கடிதம் வந்திருக்கிறது. 14 நாள் கடந்து வந்த கடிதம் செல்லாது என்கிறார் உடன் வேலை செய்பவர். வழியை மறித்தவர்கள் அவர்கள். சாலை வரி கட்டுபவள் நான். என் கார் கதவுக்கு இழப்பீடு கேட்கலாமா?

பதில்: கதவைப் பற்றிப் பிறகு பேசுவோம். முதலில் அந்தக் கடிதத்துக்குப் பதில் அனுப்புங்கள். 1988-ஆம் ஆண்டின் சாலைப் போக்குவரத்துச் சட்டம், 172-ஆம் பிரிவின்படி, காரை ஓட்டியவர் யார் என்பதை 28 நாட்களுக்குள் தெரிவித்தாக வேண்டும். தெரிவிக்காமல் இருப்பது தனிக் குற்றம்; அதற்கு உரிமத்தில் 6 தண்டனைப் புள்ளிகளும் 1,000 பவுண்டு வரை அபராதமும் உண்டு. அனுபவமுள்ள ஓட்டுநருக்கு 6 புள்ளிகள் ஒரு சங்கடத்தோடு போய்விடலாம், உங்களுக்கு அப்படியல்ல. தேர்வில் தேறிய முதல் இரண்டு ஆண்டுகளுக்குள் 6 புள்ளிகள் சேர்ந்தால், புதிய ஓட்டுநர்களுக்கான 1995-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி உரிமம் ரத்தாகும். பழகுநர் உரிமம் வாங்கி, எழுத்துத் தேர்வையும் சாலைத் தேர்வையும் மறுபடியும் முதலிலிருந்து எழுதித் தேற வேண்டும். வீடு வீடாகக் காரில் போக வேண்டிய உங்கள் வேலைக்கு அது என்ன பொருள் தரும் என்பதை நான் விளக்கத் தேவையில்லை.

உடன் வேலை செய்பவர் சொன்ன 14 நாள் விதி உண்மையில் இருக்கிறது. கவனக்குறைவாக ஓட்டியது போன்ற குற்றங்களுக்கு, வழக்குத் தொடர உத்தேசித்துள்ளதாக 14 நாட்களுக்குள் அறிவிப்பு தர வேண்டும் என்பது பொது விதி. ஆனால் அந்த வாகனம் சாலையில் இருந்ததன் காரணமாக அப்போதே ஒரு விபத்து நேர்ந்திருந்தால், அந்த அறிவிப்பு தேவையில்லை என்று அதே சட்டம் விலக்கும் அளிக்கிறது. விபத்து நடந்ததே ஓட்டுநருக்குத் தெரியாது என்றால் வாதாட இடமுண்டு. சிறுமி விழுந்து எழுந்ததைக் கண்ணாடியில் பார்த்தேன் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். கவனக்குறைவுக் குற்றத்துக்கு, சம்பவம் நடந்த நாளிலிருந்து 6 மாதங்களுக்குள் வழக்குத் தொடங்கினால் போதும். ஆகவே 17 என்ற எண் உங்களைக் காப்பாற்றாது.

இந்த விவகாரத்தில் என்னை அதிகம் கவலைப்படுத்துவது ஹாரன் அல்ல, நீங்கள் நிற்காமல் போனதுதான். சாலைப் போக்குவரத்துச் சட்டத்தின் 170-ஆம் பிரிவு, கார் எதையாவது இடித்ததா என்று கேட்பதில்லை. வாகனம் அங்கே இருந்த காரணத்தால் வேறொருவருக்குக் காயமோ, குதிரை, மாடு, கழுதை, ஆடு, பன்றி, நாய் போன்ற ஒரு விலங்குக்குச் சேதமோ ஏற்பட்டால், ஓட்டுநர் நின்று, கேட்பவருக்குத் தன் பெயர், முகவரி, வண்டி எண் ஆகியவற்றைத் தர வேண்டும். தர முடியாமல் போனால் கூடிய விரைவிலும், எப்படியும் 24 மணி நேரத்துக்குள்ளும், காவல் துறையிடம் தெரிவிக்க வேண்டும். சிறுமி எழுந்து நின்றதால் காயமில்லை என்று முடிவு செய்துவிடாதீர்கள். சிராய்ப்பும் காயம்தான், மணிக்கட்டு முறிந்தவரும் எழுந்து நிற்பார். இந்தக் குற்றத்துக்கு 5 முதல் 10 புள்ளிகளும், மோசமான நேர்வுகளில் 6 மாதம் வரை சிறையும் விதிக்கலாம். கூச்சலுக்குப் பயந்தது மனித இயல்பு. தண்டனையைக் குறைக்கச் சொல்லும்போது அது உதவலாம், குற்றமே இல்லை என்பதற்கு உதவாது.

இனி ஓட்டிய விதம். 2022 ஜனவரி 29 முதல் நடைமுறையில் உள்ள ஹைவே கோட் (பிரிட்டனின் சாலை விதித் தொகுப்பு) திருத்தங்கள், குதிரையைக் கடக்கும்போது மணிக்கு 10 மைலுக்குள், குறைந்தது 2 மீட்டர் இடைவெளி விட்டுக் கடக்கச் சொல்கின்றன. ஹாரன் அடிக்காதீர்கள், என்ஜினை உறுமவிடாதீர்கள் என்று 215-ஆம் விதி நேரடியாகவே கூறுகிறது. டெவனின் சாலைகளில் 2 மீட்டருக்கு எங்கே போவது என்று நீங்கள் கேட்கலாம். இடம் கிடைக்கும்வரை பின்னால் ஊர்ந்து வர வேண்டும் என்பதே அதற்குப் பதில். பெரும்பாலான குதிரைக்காரர்கள் வயல் வாசல் ஒன்று வந்ததும் ஒதுங்கிக் கையசைத்து அனுப்பிவிடுவார்கள். ஹைவே கோட்டின் இந்த விதியை மீறுவது தன்னளவில் குற்றமல்ல. ஆனால் சாலைப் போக்குவரத்துச் சட்டத்தின் 38-ஆம் பிரிவின்படி, நீதிமன்றம் அந்த மீறலைப் பொறுப்பை நிறுவும் சான்றாக எடுத்துக்கொள்ளலாம். கவனக்குறைவான ஓட்டுதலுக்கு 3 முதல் 9 புள்ளிகளும், உச்சவரம்பில்லாத அபராதமும் உண்டு. இங்கே குதிரையேறுவோரில் பலர் தலைக்கவசத்தில் கேமரா பொருத்தியிருக்கிறார்கள் என்பதையும் நினைவில் வையுங்கள். உங்கள் காரில் கேமரா இருந்தால் அதன் பதிவு உங்களுக்குப் பாதகமாகத் தோன்றினாலும் அழித்துவிடாதீர்கள். அழிப்பது இதைவிடப் பெரிய குற்றமாக முடியக்கூடும்.

அவர்கள் பக்கம் தவறே இல்லையா என்றால், இருக்கலாம். குறுகிய சாலையிலும் வளைவிலும் ஒருவர் பின் ஒருவராகப் போக வேண்டும் என்று 53-ஆம் விதி குதிரைக்காரர்களுக்கும் சொல்கிறது. உங்கள் வாதத்தில் வலுவான ஒரே இடம் இதுதான், ஆனால் அதை உங்கள் கடிதமே பலவீனப்படுத்துகிறது: குழந்தையையோ அனுபவமில்லாத குதிரையையோ துணைக்கு ஒருவர் அழைத்துச் செல்லும்போது இருவராக வரக்கூடும் என்பதை ஓட்டுநர்கள் எதிர்பார்க்க வேண்டும் என்கிறது 215-ஆம் விதி. இவ்விரண்டையும் சேர்த்துப் பார்க்கும் நீதிபதி, இழப்பீட்டு வழக்கில் சிறுமியின் தரப்புக்கும் ஒரு பங்குப் பொறுப்பு உண்டு என்று கூறித் தொகையைக் குறைக்கலாம். குற்ற வழக்கில் மற்றவரின் தவறு உங்கள் தவறை அழிப்பதில்லை. சாலை வரி வாதத்தை எந்த நீதிமன்றத்திலும் எடுக்காதீர்கள்; அது வாகனத்துக்கான வரி, சாலைக்கான கட்டணம் அல்ல. மோட்டார்வே தவிர்த்த பொதுச் சாலைகளில் குதிரையில் செல்வது காருக்கு முன்பிருந்தே உள்ள உரிமை.

உங்கள் காப்பீட்டு ஒப்பந்தத்தை இன்றே எடுத்துப் பாருங்கள். வீட்டிலிருந்து ஒரே அலுவலகத்துக்குப் போய் வருவதற்கு மட்டும் காப்பீடு எடுத்துவிட்டு, நாள் முழுவதும் வாடிக்கையாளர்களின் வீடுகளுக்கு இடையே ஓட்டும் பராமரிப்பாளர்கள் ஏராளம். அதற்கு ‘பிசினஸ் யூஸ்’ என்ற வகை தேவை. அது இல்லையென்றால் காப்பீடின்றி ஓட்டிய குற்றமும் சேரும். அதற்கே 6 புள்ளிகள். இருந்தால், இழப்பீடு கேட்டு யாரும் எழுதாவிட்டாலும் நடந்ததை நிறுவனத்துக்குத் தெரிவித்துவிடுங்கள். சிறுமி என்பதால், காயத்துக்கான வழக்கைத் தொடுக்கும் மூன்றாண்டுக் கெடு அவளுக்கு 18 வயது நிறைந்த பிறகுதான் ஓடத் தொடங்கும். குதிரைக்கான மருத்துவச் செலவையும் அவர்கள் கேட்கலாம். நீங்களாக அந்தக் குடும்பத்தைத் தேடிப் போய் மன்னிப்போ பணமோ பேச வேண்டாம்.

காவல் துறை விசாரணைக்கு அழைத்தால் தனியாகப் போகாதீர்கள். காவல் நிலைய விசாரணைக்கு, கைதாகாமல் தாமாகச் செல்பவருக்கும்கூட, இலவச வழக்கறிஞர் உண்டு. தமிழ் மொழிபெயர்ப்பாளரையும் கட்டணமின்றிக் கேட்கலாம். 170-ஆம் பிரிவின்படி தாமதமாகவேனும் தெரிவிப்பது எந்த வாசகங்களில் அமைய வேண்டும் என்பதை அந்த வழக்கறிஞரோடு பேசி முடிவு செய்யுங்கள். நீதிமன்றத் தண்டனை ஏற்பட்டால் விசா விண்ணப்பங்களில் அதைக் குறிப்பிட வேண்டியிருக்கும் என்பதையும் அவரிடம் சொல்லுங்கள்.

கடைசியாகக் கதவு. 1971-ஆம் ஆண்டின் விலங்குகள் சட்டத்தின் 2-ஆம் பிரிவு, சில சூழல்களில் விலங்கை வைத்திருப்பவரை, அவர் தரப்பில் அஜாக்கிரதை இல்லாதபோதும் பொறுப்பாளியாக்குகிறது. டெவனிலேயே, மிரண்டு வேலியை உடைத்துக்கொண்டு பெருஞ்சாலைக்கு வந்த குதிரையின் மீது கார் மோதிய வழக்கில், உரிமையாளர்களே பொறுப்பு என்று, அப்போது நாட்டின் உச்ச நீதிமன்றமாக இருந்த பிரபுக்கள் அவை 2003-இல் தீர்ப்பளித்தது. அங்கே ஓட்டுநர் குதிரையை மிரளச் செய்யவில்லை. சேதம் முழுவதும் பாதிக்கப்பட்டவரின் சொந்தத் தவறால் நேர்ந்தது என்றால் இழப்பீடு இல்லை என்கிறது அதே சட்டத்தின் 5-ஆம் பிரிவு. இரண்டு முறை ஹாரன் அடித்தவர் அந்த வாசகத்தைத் தாண்டுவது கடினம். இந்தத் தொகைக்காக வழக்குத் தொடர வேண்டாம் என்பதே என் கருத்து. கதவைச் சரிசெய்வதற்கு முன்பு மட்டும் அந்தப் பள்ளத்தைப் பல கோணங்களில் படமெடுத்து வைத்துக்கொள்ளுங்கள். அதன் இடமும் உயரமும், நீங்கள் எவ்வளவு தள்ளிக் கடந்தீர்கள் என்ற கேள்வி எழும்போது தேவைப்படும்.