உயிருடன் இருக்கிறேன் என்பதற்கு யார் சாட்சி?

வாசகர் கேள்வி – பதில்

(இம்முறை வந்த கடிதங்களில் நான்கு ஒரே பொருளைப் பற்றியவை. பணியாற்றியது ஓரிடம், வசிப்பது வேறிடம் என்று ஆகிவிட்ட ஓய்வூதியர்கள், ஆண்டுதோறும் கேட்கப்படும் உயிர்வாழ் சான்றில் யாரிடம் கையெழுத்துப் பெறுவது என்று கேட்டிருக்கிறார்கள். எனவே இந்த இதழின் பக்கத்தை முழுவதுமாக அவர்களுக்கே ஒதுக்கியிருக்கிறேன்.)

கேள்வி: இங்கிலாந்தில் இருபத்தாறு ஆண்டுகள் செவிலியராகப் பணியாற்றிவிட்டு, கணவர் மறைந்த பின் ஏற்காட்டுக்கே திரும்பி வந்துவிட்டேன். பிரிட்டிஷ் அரசின் ஓய்வூதியம் சேலத்தில் உள்ள என் வங்கிக் கணக்குக்கு வருகிறது. சென்ற மாதம் அங்கிருந்து உயிர்வாழ் சான்றுப் படிவம் ஒன்று வந்தது. வங்கிக்கு எடுத்துச் சென்றேன்; வெளிநாட்டுப் படிவத்தில் கையெழுத்திடத் தமக்கு அதிகாரம் இல்லை என்று மேலாளர் திருப்பி அனுப்பிவிட்டார். ஒரு வழக்கறிஞர், முத்திரைத்தாளில் தனியாக உறுதிமொழிப் பத்திரம் தயாரிக்க வேண்டும் என்றார். பிரிட்டிஷ் பாஸ்போர்ட் வைத்திருப்பவர்தான் கையெழுத்திட முடியும் என்கிறார் என் உறவினர். ஏற்காட்டில் அப்படி ஒருவரை எங்கே தேடுவது? சென்னையில் உள்ள பிரிட்டிஷ் துணைத் தூதரகத்துக்குத்தான் போக வேண்டுமா? முழங்கால் வலியோடு இருபது கொண்டை ஊசி வளைவுகளையும் இறங்கி ஏறுவதே எனக்குப் பெரும்பாடாக இருக்கிறது.
– ஓய்வு பெற்ற செவிலியர், ஏற்காடு

பதில்: அம்மா, நீங்கள் சென்னைக்குப் போக வேண்டாம், சேலத்துக்குக்கூட இறங்க வேண்டாம். இந்தப் படிவத்தில் சாட்சியாகக் கையெழுத்திடத் தகுதியுள்ளவர்கள் உங்கள் தெருவிலேயே இருக்கக்கூடும்.

உங்கள் உறவினர் சொன்னதில் பாதி உண்மை இருக்கிறது. பிரிட்டிஷ் பாஸ்போர்ட் விண்ணப்பத்தில் புகைப்படத்துக்குச் சான்றொப்பமிட எந்தெந்தத் தொழில் செய்பவர்களை ஏற்கிறார்களோ, அதே பட்டியலைத்தான் உயிர்வாழ் சான்றுக்கும் வைத்திருக்கிறார்கள். ஆனால் பாஸ்போர்ட்டுக்குச் சான்றொப்பமிடுபவரிடம் பிரிட்டிஷ் பாஸ்போர்ட் கேட்பது போல, உயிர்வாழ் சான்றின் சாட்சியிடம் கேட்பதில்லை. அவர் இங்கிலாந்தில் வசிப்பவராகவும் இருக்க வேண்டியதில்லை, எந்த நாட்டுப் பாஸ்போர்ட்டும் வைத்திருக்க வேண்டியதில்லை என்று அந்நாட்டு அரசே தெளிவாகச் சொல்லியிருக்கிறது. இந்த ஒரு வரியைப் படிக்காமல் விட்டுவிட்டு ஊர் ஊராக அலைந்தவர்கள் பலர்.

அந்தப் பட்டியல் மிக நீளமானது. ஆசிரியர், மருந்தாளுநர், பல் மருத்துவர், வழக்கறிஞர், கணக்காயர், காவல் அலுவலர், அஞ்சலக அலுவலர், வங்கி அலுவலர், நிரந்தரப் பணியில் உள்ள அரசு ஊழியர், அங்கீகரிக்கப்பட்ட சமயத்தின் குரு, பத்திரிகையாளர், தொழில்முறைப் புகைப்படக் கலைஞர் என்று அது நீண்டுகொண்டே போகிறது. மதுக்கூடத்துக்கு உரிமம் பெற்றவரும் அதில் இருக்கிறார். ஈமச் சடங்குகளைத் தொழிலாக நடத்துபவரும் இருக்கிறார். ஒருவர் உயிருடன் இருக்கிறார் என்பதற்கு அவரைவிடத் துறை அறிந்த சாட்சி கிடைப்பது அரிதுதான்.

நம் ஊரில் சான்றொப்பம் என்றவுடன் பச்சை மையில் கையெழுத்திடும் அதிகாரி ஒருவர்தான் நம் நினைவுக்கு வருகிறார். இங்கே கையெழுத்தின் வலிமை பதவியிலிருந்து வருகிறது. முன்பின் தெரியாதவருக்கும் அந்த அதிகாரி கையெழுத்திடலாம். பிரிட்டிஷ் முறையிலோ சமூகத்தில் நற்பெயருடன் ஒரு தொழில் செய்பவர், தமக்குத் தெரிந்த ஒருவரைப் பற்றிச் சொல்லும் சொல்லுக்கே மதிப்பு. இந்த வேறுபாடு புரியாததால்தான் வங்கி மேலாளர் தமக்கு அதிகாரம் இல்லை என்றார், வழக்கறிஞர் முத்திரைத்தாளைத் தேடினார். இருவர் மீதும் வருத்தம் வேண்டாம். வங்கி அலுவலர் பட்டியலில் இருக்கிறார் என்பது உண்மைதான், ஆயினும் கையெழுத்திட்டே ஆக வேண்டும் என்ற கடமை அவருக்கு இல்லை. தனி உறுதிமொழிப் பத்திரமோ முத்திரைத்தாளோ இதற்குத் தேவையே இல்லை.

எனவே தெரிந்தவரிடம் போங்கள். ஏற்காடு பள்ளிக்கூடங்களின் ஊர். 1917 முதல் இயங்கும் மாண்ட்ஃபோர்ட் பள்ளி இருக்கும் மலையில் ஆசிரியர்களுக்கா பஞ்சம்? நீங்கள் ஞாயிறுதோறும் தேவாலயத்துக்குச் செல்பவராக இருந்தால் பங்குத் தந்தையைக் கேட்கலாம். மாதம்தோறும் இரத்த அழுத்த மாத்திரை வாங்கும் மருந்துக்கடையின் மருந்தாளுநரையும் கேட்கலாம். சாட்சி உங்கள் உறவினராகவோ, உங்களோடு ஒரே முகவரியில் வசிப்பவராகவோ இருக்கக் கூடாது என்பதை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். அண்ணன் மகள் ஆசிரியையாக இருந்தாலும் அவர் வேண்டாம்.

இனிக் கையெழுத்திடும் முறை. படிவத்தை வீட்டிலேயே நிரப்பிக்கொள்ளலாம். உங்கள் கையெழுத்தை மட்டும் சாட்சியின் கண்ணெதிரே இடுங்கள். என் சித்தப்பா ஒரு வெளிநாட்டு நிறுவனத்தின் ஓய்வூதியர். ஒரு வியாழக்கிழமை காலை பூசை முடிந்த கையோடு படிவத்தில் கையெழுத்திட்டுத் தேதியும் போட்டுவிட்டார். சாட்சியான தலைமையாசிரியர் ஊரில் இல்லை. சனிக்கிழமை வந்து கையெழுத்திட்டவர், நேர்மையானவர் ஆதலால், சனிக்கிழமைத் தேதியையே போட்டார். இரண்டு தேதிகளும் ஒத்துப்போகவில்லை என்று படிவம் திரும்பி வந்தது. புதிய படிவம் வந்து, நிரப்பி அனுப்பி, ஓய்வூதியம் மீண்டும் தொடங்குவதற்குள் இரண்டரை மாதங்கள் ஓடிவிட்டன. அதுவரை வீட்டுச் செலவைச் சித்திதான் எப்படியோ சமாளித்தார்.

இன்னொன்றையும் நேரில் பார்த்திருக்கிறேன். சேலம் நீதிமன்றத்தின் அருகே ஒரு நோட்டரி வழக்கறிஞரின் மேசை. எதிரே நடுங்கும் கையோடு ஒரு பெரியவர். வழக்கறிஞர் அவரது முகத்தையும் ஆதார் அட்டையையும் மாறி மாறிப் பார்த்தார், பதிவேட்டில் கையெழுத்து வாங்கினார், எல்லாம் முறையாகவே நடந்தது. கடைசியில் ரப்பர் ஸ்டாம்பின் மைப்பட்டை காய்ந்திருந்தது. முதல் முறை அரைவட்டம்தான் விழுந்தது. கொஞ்சம் மை ஊற்றி ஓங்கிக் குத்தினார்; பெரியவரின் கையெழுத்தும் சாட்சியின் பெயரும் ஊதா நிறக் குளத்தில் மூழ்கிப்போயின. சாட்சிக்கு முத்திரை இருந்தால், முதலில் ஒரு வெற்றுத்தாளில் குத்திப் பார்த்துவிட்டு, பிறகு எழுத்தின் மேல் படாமல் ஓரத்தில் குத்தச் சொல்லுங்கள். பெயர், தொழில், முகவரி ஆகியவற்றைத் தெளிவான எழுத்தில் எழுதச் சொல்லுங்கள். ஐயம் எழுந்தால் ஓய்வூதிய அலுவலகம் சாட்சியிடம் கேட்டுத் தெளிவதற்கு அவைதான் வழி.

அனுப்பும் முன் இரு பக்கங்களையும் நகலெடுத்து வைத்துக்கொண்டு, அஞ்சலகத்தில் கண்காணிப்பு எண் தரும் வெளிநாட்டு அஞ்சலில் அனுப்பி, ரசீதை நகலோடு சேர்த்துப் பத்திரப்படுத்துங்கள். படிவம் போய்ச் சேராவிட்டால் ஓய்வூதியத்தை நிறுத்திவைக்க அவர்களுக்கு உரிமை உண்டு. இந்தியாவில் வசிக்கும் பிரிட்டிஷ் ஓய்வூதியருக்கு ஆண்டுதோறும் அளிக்கப்படும் உயர்வு கிடையாது என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும். உயராத தொகையை நின்றுபோகவும் விட்டுவிடாதீர்கள். அங்கே நீங்கள் பணியாற்றிய மருத்துவமனையின் வழியாகத் தனி ஓய்வூதியம் ஏதேனும் வந்தால், அவர்கள் அனுப்பும் படிவமும் சாட்சிப் பட்டியலும் வேறாக இருக்கலாம். அதை இதனோடு குழப்பிக்கொள்ள வேண்டாம்.

கேள்வி: என் தந்தைக்கு 82 வயது. 2003இல் இரயில்வேயில் ஓய்வு பெற்றவர். ஓய்வூதியம் சூரமங்கலத்தில் உள்ள வங்கிக் கிளையில் வரவாகிறது. இப்போது அமெரிக்காவின் டாலஸ் நகரில் என் தங்கையின் வீட்டில் இருக்கிறார். உயிர்வாழ் சான்று அளிக்க வேண்டிய நவம்பருக்குள் திரும்ப முடியாது. அங்குள்ள வங்கியின் நோட்டரி, படிவத்தைப் படித்துவிட்டு, ஒருவர் உயிருடன் இருக்கிறார் என்று சான்றளிப்பது தன் வேலை அல்ல என்று மறுத்துவிட்டாராம். என்ன செய்வது?
– சூரமங்கலம் வாசகர்

பதில்: முந்தைய கேள்விக்குச் சொன்ன பதிலை இதற்குப் பொருத்திப் பார்க்காதீர்கள். இது நம் அரசின் ஓய்வூதியம். எனவே தெரிந்த ஆசிரியரின் கையெழுத்தும் பங்குத் தந்தையின் கையெழுத்தும் இங்கே செல்லாது. வெளிநாட்டில் வசிக்கும் மத்திய அரசு ஓய்வூதியர் நேரில் வராமல் இருக்க வேண்டுமானால், சான்றில் மாஜிஸ்டிரேட், நோட்டரி, வங்கியாளர், இந்தியத் தூதரக அலுவலர் ஆகியோரில் ஒருவர் கையெழுத்திட்டிருக்க வேண்டும். 1934ஆம் ஆண்டின் ரிசர்வ் வங்கிச் சட்டத்தின் இரண்டாம் அட்டவணையில் உள்ள வங்கியின் வழியாக ஓய்வூதியம் பெறுபவருக்கு, அந்த வங்கியின் அலுவலரும் கையெழுத்திடலாம். நம் பெரிய வங்கிகள் அனைத்தும் அந்த அட்டவணையில் இருப்பவையே.

டாலஸ் நோட்டரி மறுத்ததில் தவறில்லை. நம் ஊர் நோட்டரி அனுபவமுள்ள வழக்கறிஞர். அமெரிக்காவில் நோட்டரி என்பவர் பெரும்பாலும் வழக்கறிஞர் அல்லர், வங்கியில் அமர்ந்திருக்கும் ஓர் எழுத்தராகவும் இருக்கலாம். தம் முன்னிலையில் ஒருவர் கையெழுத்திட்டார், சத்தியம் செய்தார் என்பதைச் சான்றளிப்பதுதான் அவர் வேலை. 'இவர் உயிருடன் இருக்கிறார் என நான் சான்றளிக்கிறேன்' என்ற வாசகத்தில் கையெழுத்திட அங்குள்ள பல மாநிலங்களின் நோட்டரிகள் தயங்குவார்கள். 'நான் உயிருடன் இருக்கிறேன்' என்று உங்கள் தந்தையே எழுதிச் சத்தியம் செய்ய, அதற்கு நோட்டரி கையெழுத்திட்டு முத்திரையிட்டுத் தரலாம். ஆனால் தங்கள் படிவத்தில் இல்லாத எதையும் சூரமங்கலம் கிளை ஏற்குமா என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்வது நல்லது.

என் விருப்பம் தூதரக வழிதான். டெக்சாஸ் மாநிலம் ஹூஸ்டனில் உள்ள இந்தியத் துணைத் தூதரகத்தின் எல்லைக்குள் வருகிறது. அமெரிக்காவில் உள்ள நம் தூதரகங்கள் நவம்பரையொட்டிப் பிற நகரங்களில் முகாம் நடத்துவதும் உண்டு. டாலஸில் அப்படி ஒன்று நடக்கிறதா என்பதை உங்கள் தங்கை விசாரிக்கட்டும். எண்பது வயதைக் கடந்தவர் என்பதால் உங்கள் தந்தை நவம்பர் வரை காத்திருக்க வேண்டியதில்லை. அக்டோபர் 1 முதலே சான்று அளிக்கலாம், அது அடுத்த ஆண்டு நவம்பர் 30 வரை செல்லும்.

இவை எதுவும் இல்லாமலும் முடியும். 2014 நவம்பரில் தொடங்கிய ஜீவன் பிரமாண் மின்னணுச் சான்றில், 2021 முதல் முகத்தைக் கொண்டு அடையாளம் காணும் வசதி இருக்கிறது. கைரேகைக் கருவி தேவையில்லை, ஆதாரும் ஒரு ஸ்மார்ட்போனும் போதும். அதை நிரப்பும்போது ஓர் இடத்தில் கவனம் தேவை. இரயில்வேயின் சேலம் கோட்டம் 2007 நவம்பரில்தான் உருவானது. உங்கள் தந்தை அதற்கு முன்பே ஓய்வு பெற்றவர். அவரது ஓய்வூதிய ஆணையில் பாலக்காடு கோட்டம் என்றிருந்தால் அந்தக் கோட்டத்தையே தேர்ந்தெடுக்க வேண்டும். சேலத்துக்காரர்தானே என்று சேலத்தைத் தேர்ந்தெடுத்தால் சான்று நிராகரிக்கப்பட வாய்ப்பு உண்டு. அனுப்பிய பின், ஏற்கப்பட்டுவிட்டதா என்று அதே தளத்தில் பார்த்துவிடுங்கள். சான்றின் எண் கிடைத்துவிட்டது என்பதாலேயே ஏற்கப்பட்டதாக ஆகிவிடாது.

கேள்வி: நான் மே மாதத்தில் ஓய்வு பெற்ற அரசுப் பள்ளி ஆசிரியர். ஆண்டுதோறும் மஸ்டரிங் எனப்படும் நேர்காணலுக்குக் கருவூலம் செல்வேன். வரும் மே மாதம் சிங்கப்பூரில் மகன் வீட்டில் இருப்பேன். திரும்பி வந்த பின் போனால் போதுமா?
– ஃபேர்லேண்ட்ஸ் வாசகர், சேலம்

பதில்: தள்ளிப்போடாதீர்கள். மாநில அரசு ஓய்வூதியருக்கு, முன்பு ஏப்ரல் முதல் ஜூன் வரை எல்லோருக்கும் பொதுவாக இருந்த நேர்காணல், இப்போது அவரவர் ஓய்வு பெற்ற மாதத்துக்கு மாறியிருப்பதை அறிவீர்கள். சிங்கப்பூரிலிருந்தபடியே ஜீவன் பிரமாணில் முக அடையாளத்தைக் கொண்டு முடித்துவிடலாம். முடியாவிட்டால், சான்றுப் படிவத்தை இங்கிருந்தே கையோடு எடுத்துச் சென்று, அங்குள்ள இந்தியத் தூதரக அலுவலர், மாஜிஸ்டிரேட், நோட்டரி, வங்கி மேலாளர் ஆகியோரில் ஒருவரிடம் கையெழுத்துப் பெற்று, உங்கள் கருவூலத்துக்கு அஞ்சலில் அனுப்புங்கள். ஓய்வூதிய ஆணையின் எண்ணைப் படிவத்தில் எழுத மறந்துவிடாதீர்கள். கருவூலத்தில் உங்களைத் தேடுவது பெயரை வைத்து அல்ல, அந்த எண்ணை வைத்துத்தான்.

கேள்வி: அமெரிக்காவின் சோஷியல் செக்யூரிட்டி ஓய்வூதியம் பெற்றுக்கொண்டு, காப்பித் தோட்டத்தைப் பார்த்தபடி ஏற்காட்டில் இருக்கிறேன். அங்கிருந்து வந்த வினாப்படிவத்துக்கும் ஆசிரியரிடம் சாட்சிக் கையெழுத்து வாங்கலாமா?
– சேர்வராயன் மலை வாசகர்

பதில்: வாங்கவே தேவையில்லை. முகவரி மாறியதா, வேலை செய்கிறீர்களா என்பன போன்றவற்றைக் கேட்கும் அந்த 7162ஆம் எண் படிவத்தில் நீங்கள் கையெழுத்திட்டுக் குறித்த கெடுவுக்குள் அனுப்பினால் போதும். அனுப்பாவிட்டால் தொகை நிறுத்தப்படும். கையெழுத்திட இயலாமல் குறியிடுபவருக்கு மட்டும், அவரை அறிந்த இருவர் முகவரியோடு சாட்சிக் கையெழுத்திட வேண்டும். தோட்டத்துக் கணக்கில் கையெழுத்திடும் கை இதிலும் இடட்டும்.