ரோட்டரி எஞ்சின் காரை நெடுஞ்சாலையில் எந்த வேகத்தில் ஓட்டினால் பெட்ரோல் மிச்சமாகும்?

உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்டது இப்படி. வெளிநாட்டில் பழைய மஸ்டா ஆர்எக்ஸ்-8 ஒன்று வாங்கியிருக்கிறீர்கள், பிஸ்டனுக்குப் பதில் முக்கோண ரோட்டார் சுற்றும் ரோட்டரி எஞ்சின், ஆறு கியர் மேனுவல். "ரோட்டரியை விரட்டி ஓட்டினால்தான் நல்லது, 110-க்குக் கீழே இறங்காதே" என்கிறார் ஒரு நண்பர். "60-ஐத் தாண்டாதே" என்கிறார் இன்னொருவர். கும்பகோணத்துக்கு லீவில் வந்தால் அப்பாவின் சின்ன பெட்ரோல் காரை ஓட்டுகிறீர்கள். ஏசியின் செலவு பற்றியும், இரண்டுக்கும் ஒரே வேகம் பொருந்துமா என்றும் கேட்கிறீர்கள்.

பொருந்தாது. ஆர்எக்ஸ்-8-க்கு ஆறாவது கியரில் 80 முதல் 90. அப்பாவின் காருக்கு ஐந்தாவது கியரில் 60 முதல் 70. இரண்டு நண்பர்களும் சொன்னது தப்பு.

எனக்குத் திருவையாறு பக்கம். மஸ்கட்டில் ஏழு வருடம் ஜெனரேட்டர் மெக்கானிக்காக இருந்தேன். அங்கே கைமாறி வந்த ஒரு ஆர்எக்ஸ்-8-ஐ மூன்று வருடம் ஓட்டினேன். இப்போது தஞ்சாவூரில் 1.2 லிட்டர் பெட்ரோல் ஹேட்ச்பேக். ஒவ்வொரு முறை டேங்க் நிரப்பும்போதும் ஒரு நோட்டில் எழுதி வைக்கும் பழக்கம் அப்பாவிடமிருந்து வந்தது. அவர் போர்செட் ஆயில் எஞ்சினுக்கு ஊற்றும் டீசலைக் கூட எழுதி வைப்பார்.

அந்த ஆயில் எஞ்சினிலிருந்தே ஆரம்பிக்கலாம். வாய்க்காலில் தண்ணீர் பாயாமல் எஞ்சின் சும்மா சுற்றிக்கொண்டிருந்தாலும் டீசல் இறங்கும். எஞ்சின் தன்னைத்தானே சுற்றிக்கொள்வதற்குக் குடிப்பது அது. காரிலும் அப்படித்தான். மணிக்கு இவ்வளவு என்று ஒரு நிலையான செலவு இருக்கிறது. மெதுவாகப் போனால் அந்தச் செலவு குறைந்த கிலோமீட்டர்களுக்குள் பங்கு பிரியும், ஒவ்வொரு கிலோமீட்டரின் தலையிலும் அதிகமாக விழும். வேகமாகப் போனால் அந்தப் பங்கு குறையும், ஆனால் காற்றின் எதிர்ப்பு வேகத்தின் வர்க்கமாக ஏறும். 80-லிருந்து 120-க்குப் போனால் காற்று 2.25 மடங்கு தள்ளும். இந்த இரண்டும் சமாதானம் ஆகிற இடம்தான் மைலேஜ் அதிகம் கிடைக்கும் வேகம்.

ரோட்டரியில் அந்த நிலையான செலவு பெரிது. அதனால்தான் அதன் நல்ல வேகம் சின்ன காரைவிட மேலே இருக்கிறது.

ஏன் பெரிது? ஆர்எக்ஸ்-8-இல் இருப்பது 654 சிசி வீதம் இரண்டு ரோட்டார், மொத்தம் 1308 சிசி. 1.3 லிட்டர்தானே என்று நினைப்போம். ஆனால் எஞ்சின் தண்டு ஒரு சுற்று சுற்றினால் ஒவ்வொரு ரோட்டாரும் ஒரு முறை எரிக்கும். நான்கு ஸ்ட்ரோக் பிஸ்டன் எஞ்சினில் ஒரு சிலிண்டர் எரிக்க இரண்டு சுற்று வேண்டும். ஆக, இது காற்றை இழுப்பது 2.6 லிட்டர் எஞ்சின் மாதிரி. 1.3 என்ற எண்ணைப் பார்த்து மாருதி மைலேஜை எதிர்பார்த்தால் ஏமாற்றம்தான்.

அடுத்தது எரியும் அறையின் வடிவம். கும்பகோணம் டிகிரி காபியை டம்ளரில் வைத்தால் சூடு நிற்கும், டபராவில் ஊற்றினால் சட்டென்று ஆறிவிடும். காபி அதேதான், பரப்பு மட்டும்தான் கூடியது. பிஸ்டன் எஞ்சினின் எரியும் அறை டம்ளர் பக்கம். ரோட்டரியின் அறை நீளமாக, தட்டையாக, நகர்ந்துகொண்டே இருப்பது, முழுக்க டபரா பக்கம். எரியும் சூட்டில் நிறைய சுவருக்குப் போய்விடுகிறது. தீ அறையின் கடைசி மூலைக்குப் போய்ச் சேர்வதற்குள் அணைந்தும் போகிறது. ஒவ்வொரு ரோட்டாருக்கும் இரண்டு ஸ்பார்க் பிளக் வைத்திருப்பதே இதைச் சமாளிக்கத்தான். அப்புறம் ரோட்டாரின் மூன்று முனைகளிலும் அழுத்தம் கசியாமல் அடைக்கும் அபெக்ஸ் சீல். ஆர்பிஎம், அதாவது நிமிடத்துக்கு எஞ்சின் சுற்றும் சுற்று, குறைவாக இருந்தால் அந்தச் சீல் வழியாக அழுத்தம் கசிய அவகாசம் அதிகம். அதனால் ரோட்டரியை ரொம்பக் குறைந்த சுற்றில் உருட்டுவதில் லாபம் இல்லை.

சரி, நிலையான செலவு கூடினால் நல்ல வேகம் எவ்வளவு கூடும்? தோராயமாகக் கணக்குப் போட்டால் கன மூலம் வருகிறது. அதாவது எஞ்சினின் சொந்தக் குடி எட்டு மடங்கு ஆனால்தான் நல்ல வேகம் இரட்டிப்பாகும். மூன்று மடங்கு என்றால் வேகம் 1.4 மடங்குதான். சின்ன காருக்கு 60 என்று வைத்தால் ரோட்டரிக்கு 85 பக்கம் வரும். "ரோட்டரி என்றால் 110" என்று சொல்கிறவர் திசையைச் சரியாகப் பிடித்தார், அளவை விட்டுவிட்டார்.

கியர் கணக்கும் இதோடு ஒத்துப்போகிறது. ஆறாவது கியரில் 100 கிமீ வேகத்துக்கு எஞ்சின் நிமிடத்துக்குச் சுமார் 3000 சுற்று சுற்றும். 80-க்கு 2400, 60-க்கு 1800. இந்த எஞ்சினுக்கு உச்ச டார்க், அதாவது முழு இழுவை, வருவது 5500 சுற்றில், கீழே இழுவை குறைவு. நான் 60-இல் ஆறாவது கியரில் போட்டுப் பார்த்திருக்கிறேன். ஆக்சிலரேட்டரை லேசாகத் தொட்டதும் கார் கழுத்தைப் பிடித்து உலுக்கின மாதிரி முன்னும் பின்னும் ஆடும். டேஷ்போர்டில் வைத்திருந்த சாவிக்கொத்து கிலுகிலுவென்று சத்தம் போடும். வேறு வழியில்லாமல் ஐந்தாவதுக்கு இறக்க வேண்டும், சுற்று ஏறும், மிச்சம் போய்விடும். 75-ஐத் தாண்டியதும் அந்த ஆட்டம் அடங்கிவிடும்.

ஓமானில் பர்காவிலிருந்து சோஹார் போகும் கடற்கரைச் சாலை நம் டெல்டா மாதிரியே தட்டை. அங்கே எடுத்த எண்கள் என் நோட்டில் இப்படி இருக்கின்றன: 80-இல் லிட்டருக்கு 11.4 கிமீ, 90-இல் 11.3, 100-இல் 10.6, 120-இல் 9. 80-க்கும் 90-க்கும் வித்தியாசமே இல்லை என்று சொல்லலாம். எல்லோரும் 120-இல் பறக்கிற சாலையில் 80-இல் ஊர்ந்தால் பின்னால் வரும் லாரிக்காரருக்கும் ஆபத்து, உங்களுக்கும் ஆபத்து. அதனால் ஒரே ஒரு எண்ணைச் சொல்லச் சொன்னால் நான் 90-ஐத்தான் சொல்வேன்.

என் எண்ணை அப்படியே நம்பாமல் நீங்களும் அளந்து பாருங்கள். அளக்கும்போது ஏமாறுகிற இடங்கள் இரண்டு இருக்கின்றன, இரண்டிலும் நான் மாட்டியிருக்கிறேன்.

முதலாவது பங்க். டேங்க்கை நிரப்பி, ஓட்டி, திரும்ப நிரப்பி, போட்ட லிட்டரால் கிலோமீட்டரை வகுப்பதுதான் முறை. இரண்டு தடவையும் ஒரே அளவுக்கு நிரம்ப வேண்டும், இல்லாவிட்டால் கணக்கு குப்பை. நம் ஊர் பங்கில் துப்பாக்கி டக்கென்று நின்றதும் தம்பி நிமிர்ந்து பார்த்து, "ரவுண்டா ரெண்டாயிரம் ஆக்கிடவாண்ணே?" என்பார். நாம் தலையாட்டுவதற்குள் இன்னும் அரை லிட்டர் உள்ளே போயிருக்கும். பத்து லிட்டர் கணக்கில் அரை லிட்டர் என்றால் ஐந்து சதவீதம். நாம் தேடுகிற வித்தியாசமே அவ்வளவுதான். இப்போதெல்லாம் இறங்கியதும் சொல்லிவிடுவேன்: "தம்பி, ஆட்டோ கட் ஆனதும் நிறுத்திடுங்க, சில்லறையோட கொடுக்கிறேன்." அதே பங்க், அதே துப்பாக்கி, கார் அதே திசையில் நிற்க வேண்டும். 100 கிலோமீட்டருக்குக் குறைவாக ஓட்டி அளக்காதீர்கள்.

இரண்டாவது காற்று. ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்பது நமக்குத் தெரியும், ஆனால் மைலேஜ் போடும்போது மறந்துவிடுகிறோம். ஒரு ஆடி மாதம் தஞ்சாவூரிலிருந்து நாகப்பட்டினம் போனேன். மேற்கிலிருந்து காற்று முதுகில் தள்ளிக்கொண்டே வந்தது. நாகையில் நிரப்பிப் பார்த்தால் லிட்டருக்கு 24-க்கு மேல். என் மச்சானுக்கு உடனே போன் போட்டுச் சொன்னேன். திரும்பி வரும்போது கீழ்வேளூர் தாண்டியதிலிருந்தே ஆக்சிலரேட்டரைக் கூடுதலாக மிதிக்க வேண்டியிருந்தது. வயலில் நாற்று எல்லாம் என்னைப் பார்த்துச் சாய்ந்திருந்தது. தஞ்சாவூரில் நிரப்பினால் 18. நீடாமங்கலம் ரயில்வே கேட்டில் நின்ற நேரத்தைக் கழித்தாலும் அவ்வளவு வித்தியாசம் வரக் கூடாது.

கணக்குப் போட்டால் புரியும். 20 கிமீ காற்றுக்கு எதிரே 80-இல் போனால் காற்றைப் பொறுத்தவரை நீங்கள் 100-இல் போகிறீர்கள், எதிர்ப்பு 1.56 மடங்கு. காற்றோடு போனால் 60-இல் போகிற மாதிரி, எதிர்ப்பு 0.56 மடங்கு. இரண்டையும் கூட்டிப் பாதியாக்கினால் 1.06 வரும், 1 வராது. ஆகவே போக வர அளந்தாலும் காற்று நாளில் எண் கொஞ்சம் குறைவாகத்தான் வரும். காற்று அடங்கிய விடியற்காலையில், போக வர இரண்டையும் சேர்த்து அளந்தால் நம்பலாம். நான் இப்போது தஞ்சாவூர் பைபாஸிலிருந்து வல்லம், செங்கிப்பட்டி வழியாகத் துவாக்குடி வரை போய்த் திரும்புகிறேன், இரண்டு தடவை. திருச்சி கொஞ்சம் மேடு, தஞ்சை கொஞ்சம் பள்ளம். போக வர ஓட்டினால் அது கழிந்துவிடும்.

ஸ்பீடோமீட்டர் பெரும்பாலும் கூட்டித்தான் காட்டும். சாலையோரக் கிலோமீட்டர் கல்லை வைத்துச் சரிபார்க்கலாம், பக்கத்தில் இருப்பவர் கடிகாரத்தைப் பார்க்கட்டும். ஒரு கிலோமீட்டருக்கு 45 நொடி என்றால் உண்மையான 80. 40 நொடி என்றால் 90.

வேகத்தைவிடப் பெரிய விஷயம் ஒன்று இருக்கிறது, இதை யாரும் கேட்பதில்லை. 1400 கிலோ காரை 80-இலிருந்து ஒருமுறை நிறுத்திக் கிளப்பினால், கிட்டத்தட்ட ஒரு கிலோமீட்டர் சீராக ஓடத் தேவையான ஆற்றல் பிரேக்கில் சூடாகப் போய்விடும். தை, மாசியில் அய்யம்பேட்டை, பாபநாசம் வழியாகப் பழைய கும்பகோணம் ரோட்டில் போய்ப் பாருங்கள். பாதிச் சாலையில் நெல் காயும், எதிரே வைக்கோல் ஏற்றின டிராக்டர் சாலையை அடைத்துக்கொண்டு வரும், அறுவடை மெஷின் வயலிலிருந்து நேராக ரோட்டில் ஏறும். அங்கே 60-ஆ 70-ஆ என்று மண்டையை உடைத்துக்கொள்வதில் அர்த்தமே இல்லை. தூரத்தில் நெல் தெரிந்ததும் கியரிலேயே வைத்து ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்துவிடுங்கள். இன்ஜெக்டர் வழியாக எரிபொருள் வரும் எஞ்சின்களில் அந்த நேரம் பெட்ரோல் போவது நின்றுவிடும். நியூட்ரலில் போட்டால் ஐடிலுக்காகக் குடித்துக்கொண்டே வரும், வேகத்தைக் குறைக்க எஞ்சின் கொடுக்கும் பிடிமானமும் போய்விடும். நம் ஊர் டிரைவர்கள் பலர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். சொன்னால் கோபம்தான் வருகிறது.

ஏசி பற்றியும் கேட்டிருந்தீர்கள். ஆர்எக்ஸ்-8 மாதிரி ஒரு கார் 80-இல் சீராகப் போகச் சக்கரத்தில் தேவைப்படுவது பத்துப் பதினோரு குதிரைத்திறன்தான். 230 குதிரை இருக்கிற எஞ்சினில் பத்தைத்தான் பயன்படுத்துகிறோம். அதில் இரண்டு மூன்றை ஏசி எடுத்துக்கொண்டால் தெரியத்தான் செய்யும். அதற்காக மே மாதத்தில் குழந்தைகளை வைத்துக்கொண்டு ஏசியை நிறுத்தச் சொல்ல மாட்டேன்.

இவ்வளவு பெரிய எஞ்சினை இவ்வளவு லேசான வேலையில் வைப்பது ரோட்டரிக்குப் பிடிக்காத காரியம். ஆர்எக்ஸ்-8 தயாரிப்பு 2012-இல் நின்றது. 2023-இல் மஸ்டா ரோட்டரியைத் திரும்பக் கொண்டுவந்தபோது, எம்எக்ஸ்-30-இல் ஒரே ஒரு 830 சிசி ரோட்டாரை வைத்தார்கள். அது சக்கரத்தைச் சுற்றாது, மின்சாரம் மட்டும் தயாரிக்கும். ஜெனரேட்டர் மெக்கானிக்காக அதைப் படித்தபோது எனக்கு நிஜமாகவே சந்தோஷமாக இருந்தது.

உங்கள் காருக்கு வருவோம். பழைய ரோட்டரியில் ஒரே வேகத்தில் ஓட்டியும் மைலேஜ் திடீரென்று இறங்கினால் முதலில் இக்னிஷன் காயிலையும் பிளக்கையும் பாருங்கள். அது சரியாக இருந்தால் கம்ப்ரஷன், அதாவது எஞ்சினுக்குள் பிடிக்கும் அழுத்தம், பார்க்க வேண்டும். சாதாரண கேஜ் உதவாது. ரோட்டாரின் மூன்று முகத்தையும் தனித்தனியாகக் காட்டும் கருவி உள்ள ஆளிடம் போங்கள். இந்த எஞ்சின் சீலுக்காக ஆயிலைத் தானே உள்ளே விட்டு எரித்துக்கொள்ளும், அது கோளாறு இல்லை. இரண்டு தடவை பெட்ரோல் போட்டால் ஒரு தடவை டிப்ஸ்டிக்கைப் பார்த்து ஆயிலை ஏற்றிக்கொள்ளுங்கள்.

அளந்துவிட்டு எண்களை எனக்கு எழுதுங்கள். வேகம், கியர், காற்று எந்தப் பக்கம் அடித்தது, இந்த மூன்றையும் மறக்காமல் குறியுங்கள்.