வாசகர் கேள்வி – பதில்: செதாக்கா சுவர்த்துணி

கேள்வி: யூதர்களின் ‘செதாக்கா’ கொடை மரபை ஒட்டுத்தையலில் சுவர்த்துணியாகச் செய்தேன். ஹீப்ரு எழுத்துகள் திரும்பிவிட்டன. எட்டுப் பட்டைகளும் அளவுக்கு வரவில்லை. ஏன்?

பதில்: பசைத்தாளில் எழுத்தை நேராக வரைந்திருப்பீர்கள். அது துணியின் பின்புறம் ஒட்டுவதால் இடவலம் மாற்றித்தான் வரைய வேண்டும். வலமிருந்து இடமாக எழுத்துகள் சாடி, தாலெத், கோஃப், ஹே. தாலெத்தின் வலது மேல்முனை கூராக நிற்கட்டும். வளைந்தால் ரேஷ் என்ற வேறு எழுத்தாகிவிடும். ஹேயின் இடக்கால் மேல்கோட்டைத் தொட்டால் அது ஹெத் என்ற எழுத்து. அங்கே 4 மி.மீ. இடைவெளி விடுங்கள், நெருக்கமான ஓரத்தையல் இருபுறமும் கொஞ்சம் தின்றுவிடும்.

பட்டைக்கு 6.5 செ.மீ. வெட்டி, தையலுக்கு இருபுறமும் 0.75 செ.மீ. விட்டால் 5 செ.மீ. நிற்கும். தையல் 1 மி.மீ. உள்ளே போனாலும், சேரும் இரு பட்டையிலும் குறைவதால், 7 தையலில் 14 மி.மீ. போச்சு! முதலில் இரண்டு துண்டைத் தைத்து அளந்து பாருங்கள்.

எட்டுப் பட்டை என்றால் 12-ஆம் நூற்றாண்டின் யூத அறிஞர் மைமோனிடிஸ் சொன்ன, கொடையின் எட்டுப் படிகள்தானே? உச்சியில், கடனோ வேலையோ கூட்டோ தந்து ஒருவரைச் சொந்தக் காலில் நிறுத்துவது. அடியில், மனமில்லாமல் கொடுப்பது. மேலிருந்து நான்காவதுதான் துணிக்கென்றே அமைந்தது: வாங்குபவருக்குக் கொடுப்பவரைத் தெரியும், கொடுப்பவருக்கு வாங்குபவரைத் தெரியாது. அறிஞர்கள் போர்வையில் காசு முடிந்து முதுகுக்குப் பின்னே விடுவார்கள், ஏழைகள் எடுத்துக்கொள்வார்கள் என்கிறார். அந்தப் பட்டையில் நிஜ முடிச்சே போடலாம். உள்ளே காசு வேண்டாம், கனத்தில் பட்டை தொய்யும். கம்பளித்துணி வட்டங்கள் போதும். முடிச்சை அடித்துணியோடு சேர்த்துத் தையுங்கள்.