ஷார்ட் சேல் வீடு: வங்கியிடம் விலை பேசுவது குறித்த கேள்வி பதில்

கேள்வி: கலிஃபோர்னியாவில் ஒரு ஷார்ட் சேல் வீட்டுக்கு நான் சொன்ன விலையை ஏற்று உரிமையாளர் கையெழுத்திட்டுவிட்டார். பிறகும் வங்கி ஏன் தாமதிக்கிறது?

பதில்: ஷார்ட் சேல் என்றால் வீட்டின் மீதுள்ள கடன் பாக்கியைவிடக் குறைந்த விலைக்கு விற்பது. விற்பனைத் தொகை கடனை முழுதும் அடைக்காது என்பதால், குறைந்த தொகையைப் பெற்றுக்கொண்டு அடமானத்தை விடுவிக்க வங்கி இசைய வேண்டும். அதற்கு முன், உரிமையாளரால் உண்மையிலேயே கடனைக் கட்ட முடியவில்லையா என்று அவருடைய வருமானச் சான்றுகளைக் கொண்டு வங்கி சரிபார்க்கும். ஒரு தாள் குறைந்தாலும் கோப்பு நகராது. ஆகவே எல்லாம் போய்ச் சேர்ந்தனவா என்று விற்பவரின் ஏஜென்டிடம் முதலில் கேளுங்கள்.

கேள்வி: எவ்வளவு குறைத்துக் கேட்கலாம்?

பதில்: கடன் பாக்கியை வைத்துக் கணக்கிடாதீர்கள். வீட்டின் இன்றைய மதிப்பையும், கமிஷன் முதலிய செலவுகள் போகத் தனக்கு வந்து சேரும் தொகையையும்தான் வங்கி பார்க்கிறது. எஃப்.எச்.ஏ. எனப்படும் அமெரிக்க அரசின் வீட்டுவசதி அமைப்பு காப்பீடு தந்துள்ள கடன்களில் இது விதியாகவே உள்ளது: விற்பனைக்கு வந்த முதல் 30 நாள்களில் மதிப்பில் 88 சதவீதமும், அடுத்த 30 நாள்களில் 86 சதவீதமும், அதன்பின் 84 சதவீதமும் நிகரமாகக் கிடைக்க வேண்டும். எனவே பேச வேண்டியது மதிப்பைப் பற்றியே. வங்கியின் சார்பில் மதிப்பிட வருபவர் சில சமயம் தெருவிலிருந்தே பார்த்துவிட்டுப் போய்விடுவதால், ஒழுகும் கூரையும் விரிசல் விட்ட அடித்தளமும் அவர் கண்ணில் படுவதில்லை. பழுதுகளின் படங்கள், ஒப்பந்தக்காரர் எழுதித் தந்த செலவுக் கணக்கு, அக்கம்பக்கத்தில் அண்மையில் விற்ற வீடுகளின் விலைகள் ஆகியவற்றை அவர் வருவதற்கு முன்பே ஏஜென்ட் வழியாகச் சேர்ப்பித்துவிடுவது, பின்னால் மறுமதிப்பீடு கேட்டு வாதாடுவதைவிட மிகுந்த பயன் தரும்.

கேள்வி: இரண்டாவது அடமானம் வைத்திருக்கும் வங்கி, தனியாகப் பணம் கொடுத்தால் கையெழுத்திடுவதாகச் சொல்கிறதே?

பதில்: முதல் வங்கிக்குத் தெரியாமல் ஒரு டாலர்கூடக் கொடுக்காதீர்கள், அது மோசடிக் குற்றமாகும். எந்தத் தொகையும் இறுதிக் கணக்கில் எழுதப்பட வேண்டும். வங்கிகளிடமிருந்து வீட்டுக்கடன்களை வாங்கும் நிறுவனங்களான ஃபேனி மேயும் ஃப்ரெடி மேக்கும் 2012-இல் இரண்டாவது அடமானம் வைத்திருக்கும் வங்கிக்கு 6,000 டாலர் என்று உச்சவரம்பு வைத்ததே இத்தகைய இழுபறியைத் தவிர்க்கத்தான்.

கேள்வி: ஒப்புதல் கடிதத்தில் எதைக் கவனிக்க வேண்டும்?

பதில்: காலாவதித் தேதியை முதலில் பாருங்கள், அதற்குள் உங்கள் வீட்டுக்கடன் தயாராக வேண்டும். மீதிக் கடனை உரிமையாளரிடம் கேட்க மாட்டோம் என்ற உறுதி இருக்கிறதா என்றும் பாருங்கள். கலிஃபோர்னியாவில் 2011 முதல் சட்டமே அவருக்கு அந்தப் பாதுகாப்பைப் பெரும்பாலும் தருகிறது. பிற மாநிலங்களில் கடிதத்தில் அந்த உறுதி இல்லாவிட்டால், அஞ்சிப் பின்வாங்கும் உரிமையாளரைக் குறை சொல்ல முடியாது.