நோயாளியை மறுக்காத சட்டம்

அன்புள்ள ஐயா,

நான் டெக்சாஸில் டாலஸ் அருகே மென்பொருள் துறையில் பணியாற்றுகிறேன். சென்ற ஆண்டு அமெரிக்கக் குடியுரிமை பெற்றேன். எங்கள் ஊர்த் தமிழ் நண்பர்கள் பொங்கல் விழாவுக்காக ‘மருத்துவக் காப்பீடு தனிமனிதரின் பொறுப்பா, அரசின் கடமையா?’ என்று ஒரு பட்டிமன்றம் ஏற்பாடு செய்திருக்கிறார்கள். தனிமனிதரின் பொறுப்பே என்ற அணியில் நான் பேசுகிறேன். உண்மையில் என் கருத்தும் ஏறக்குறைய அதுதான். எனக்கு 38 வயது. நிறுவனம் காப்பீடு தருகிறது, இதுவரை பெரிய நோய் எதுவும் வந்ததில்லை. உடம்பைப் பேணாதவர்களின் செலவை என் சம்பளத்திலிருந்து சட்டம் போட்டு எடுப்பது எனக்கு நியாயமாகப் படவில்லை. கையில் காசில்லாதவரையும் அவசரப் பிரிவில் பார்த்துத்தானே ஆக வேண்டும், இங்கே யாரையும் சாக விடுவதில்லையே? தேசியக் காப்பீடு வந்தால் கனடாவைப் போல மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டி வரும் என்றும் நண்பர்கள் சொல்கிறார்கள். இரு தரப்புக்கும் நீங்கள் சில குறிப்புகள் தந்தால் உதவியாக இருக்கும். கூடவே ஒரு சொந்தக் கேள்வி: எழுபதைக் கடந்த என் பெற்றோரை கிரீன் கார்டில் இங்கே அழைத்துக்கொண்டால் 65 வயது நிறைந்தோருக்கு அரசு தரும் மெடிகேர் காப்பீடு அவர்களுக்குக் கிடைக்குமா?

அன்புடன்,
கே.

அன்புள்ள கே.,

பட்டிமன்றத்துக்குக் குறிப்பு கேட்டு வரும் கடிதங்களுக்கு நான் பதில் எழுதுவதில்லை. உங்களுக்கு எழுதுவதற்குக் காரணம், சில காலமாக என் மனத்தில் இருந்துவரும் ஒரு வரலாறு நீங்கள் குடியிருக்கும் ஊரிலேயே தொடங்குகிறது என்பதும், அது உங்களுக்குத் தெரிந்திருக்கவில்லை என்பதும்தான்.

1929ஆம் ஆண்டு டாலஸ் நகரின் பெய்லர் பல்கலைக்கழக மருத்துவமனையின் நிர்வாகப் பொறுப்பு ஜஸ்டின் ஃபோர்ட் கிம்பல் என்பவரிடம் வந்தது. அவர் முன்பு அந்நகரப் பள்ளிகளின் கண்காணிப்பாளராக இருந்தவர். மருத்துவமனைக்கு வராமல் நின்றுபோன பாக்கிகளின் பட்டியலைப் பார்த்தபோது, அதில் தமக்குத் தெரிந்த பள்ளி ஆசிரியர்களின் பெயர்கள் இருப்பதைக் கண்டார். ஆசிரியர் ஒவ்வொருவரும் மாதம் 50 சென்ட் செலுத்தினால், தேவைப்படும்போது 21 நாள் வரை மருத்துவமனையில் தங்கிச் சிகிச்சை பெறலாம் என்று ஒரு திட்டம் வகுத்தார். ‘புளூ கிராஸ்’ என்ற மருத்துவக் காப்பீட்டுப் பெயரை நீங்கள் கேள்விப்பட்டிருப்பீர்கள், உங்கள் பையில் இருக்கும் அட்டையிலேயே அது அச்சாகியிருக்கலாம். அதன் வேர் இந்த ஏற்பாடுதான். ஆரம்பகால புளூ கிராஸ் திட்டங்களில் நோயுற்றவருக்கும் நலமாக இருந்தவருக்கும் ஒரே கட்டணம். லாப நோக்குள்ள காப்பீட்டு நிறுவனங்கள் பின்னர் இத்தொழிலுக்குள் வந்து, நலமானவர்கள் மிகுந்த குழுக்களைத் தேடிப் பிடித்துக் குறைந்த விலையில் இழுத்துக்கொள்ளத் தொடங்கிய பிறகே நோயாளி ஒரு சுமையாகப் பார்க்கப்பட்டார். உங்கள் அணி உயர்த்திப் பிடிக்கும் ‘தனிமனிதப் பொறுப்பு’ அமெரிக்காவின் பழைய மரபு என்று யாராவது மேடையில் சொன்னால், டாலஸ் ஆசிரியர்களின் அந்த 50 சென்ட்டை நினைத்துக்கொள்ளுங்கள்.

‘நிறுவனம் காப்பீடு தருகிறது’ என்று எழுதியிருக்கிறீர்கள். நிறுவனம் ஏன் தருகிறது என்று ஒருமுறையேனும் கேட்டிருக்கிறீர்களா? 1942இல், உலகப் போரின் நடுவே, விலைவாசியைக் கட்டுப்படுத்த அமெரிக்க அரசு ஊதிய உயர்வுக்கு வரம்பு விதித்தது. கூலியை உயர்த்த முடியாத முதலாளிகள் ஆட்களை ஈர்க்க மருத்துவக் காப்பீட்டைச் சேர்த்துக் கொடுத்தார்கள். அதற்குத் தடை இருக்கவில்லை. பிறகு 1954இன் வரிச் சட்டம், முதலாளி செலுத்தும் காப்பீட்டுத் தொகைக்கு ஊழியர் வருமான வரி கட்ட வேண்டியதில்லை என்று உறுதிப்படுத்தியது. நீங்கள் சொந்தச் சம்பாத்தியம் என்று நினைக்கும் அந்தக் காப்பீட்டில் அரசு விட்டுக்கொடுத்த வரிப்பணம் கலந்திருக்கிறது, கே. கூரை வேய்பவரும், உங்கள் குழந்தையைப் பார்த்துக்கொள்ள வரும் பெண்ணும் அந்தச் சலுகையைப் பெறுவதில்லை. போர்க்காலத்தில் தற்செயலாக அமைந்த ஓர் ஏற்பாட்டை இயற்கையின் நியதியைப் போல ஏற்றுக்கொண்டு, அதற்கு வெளியே நிற்பவர்களைப் பொறுப்பில்லாதவர்கள் என்று சொல்வதற்கு உங்களுக்கு எப்படி மனம் வந்தது?

‘உடம்பைப் பேணாதவர்கள்’ என்ற சொற்களைப் படித்தபோது எனக்குக் கோபம் வந்தது என்பதை மறைக்கப் போவதில்லை. என் கல்லூரி நண்பர் ஒருவருக்கு 19 வயதில் முதல் வகை நீரிழிவு நோய் வந்தது. கணையம் இன்சுலின் சுரப்பதையே நிறுத்திவிடும் நோய் அது. அவர் எதைப் பேணத் தவறினார் என்று நீங்கள்தான் சொல்ல வேண்டும். விடுதியில் அதிகாலையில் எழுந்து, எங்கள் தூக்கம் கலையாமல் ஊசி போட்டுக்கொண்டு, எங்கள் அனைவரையும் விட ஒழுங்காக உண்டு, ஓடி, படித்தவர் அவர். அட்லாண்டாவுக்குப் போய் நல்ல வேலையில் அமர்ந்தார், கிரீன் கார்டு பெற்றார். 2001இல் அவருடைய நிறுவனம் ஆட்குறைப்புச் செய்தது. வேலையோடு காப்பீடும் போயிற்று.

கோப்ரா என்றொரு சட்டம் இருக்கிறது. வேலை இழந்தவர் பழைய காப்பீட்டைத் தொடரலாம் என்கிறது. ஆனால் அதுவரை முதலாளி கட்டிவந்த பங்கையும் சேர்த்து முழுத் தொகையையும், அதற்கு மேல் நூற்றுக்கு இரண்டு வீதம் நிர்வாகச் செலவையும், சம்பளமே இல்லாத அந்த மனிதர் கட்ட வேண்டும். இரு குழந்தைகளும் வீட்டுக் கடனும் இருந்த என் நண்பரால் இரண்டு மாதங்களுக்கு மேல் கட்ட இயலவில்லை. 1996இன் கூட்டாட்சிச் சட்டமொன்று, ஒரு காப்பீட்டிலிருந்து இன்னொன்றுக்கு மாறும் நோயாளிக்குச் சில பாதுகாப்புகளை வழங்கியிருந்தது. இடையில் 63 நாள் இடைவெளி விழுந்துவிட்டால் அந்தப் பாதுகாப்பு இல்லாமல் போகும். அவருக்கு அந்த இடைவெளி விழுந்தது. அதன் பிறகு அவர் விண்ணப்பித்த நிறுவனங்கள் எல்லாம் நீரிழிவைக் காரணம் காட்டி மறுத்தன. அன்றைய சட்டப்படி அது அவர்களின் உரிமை.

ஊரிலிருந்து போகிறவர்கள் யார் என்று விசாரித்து, பனிக்கட்டி வைத்த பிளாஸ்க்கில் இன்சுலின் குப்பிகளைக் கொடுத்தனுப்பும் வேலையை நானும் அவருடைய தங்கையும் செய்துவந்தோம். அது வந்து சேராத வாரங்களில் அவர் அளவைக் குறைத்துப் போட்டுக்கொண்டிருக்கிறார். எங்களிடம் அதைச் சொல்லவில்லை. காலில் பட்ட சிறு காயம் ஆறாமல் அழுகிக் காய்ச்சல் வந்தபோதுதான் ஒரு மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குப் போனார். ஆம், அவரைச் சேர்த்துக்கொண்டார்கள். நீங்கள் சொன்னபடி சாக விடவில்லை. 1986ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, உயிருக்கு ஆபத்தான நிலையில் வருபவரைப் பணம் கேட்டுத் திருப்பியனுப்பக் கூடாது. அந்தச் சட்டத்தை அவர்கள் முறையாகப் பின்பற்றி, அவருடைய இடது காலின் மூன்று விரல்களை அகற்றி உயிரைக் காப்பாற்றினார்கள், பிறகு பல ஆண்டுகளாக அவரால் அடைக்க முடியாத ஒரு ரசீதைக் கையில் கொடுத்தார்கள். மாதாமாதம் கிடைத்திருக்க வேண்டிய இன்சுலினை அவசரப் பிரிவு கொடுக்காது, கே. இன்சுலின் கிடைக்காததால் அழுகிய காலை மட்டுமே அது பார்க்கும். இதை மேடையில் ஒரு வாதமாக வைக்கப்போகும் முன் தயவுசெய்து ஒரு நிமிடம் யோசியுங்கள்.

இப்போது நீங்கள் கேட்ட நியாயத்துக்கு வருகிறேன். 2010 மார்ச் 23 அன்று ஒபாமா கையெழுத்திட்ட சட்டத்தின்படி, 2014 முதல் எந்தக் காப்பீட்டு நிறுவனமும் ஏற்கெனவே உள்ள நோயைக் காட்டி ஒருவரை மறுக்கக் கூடாது, அதற்காகக் கூடுதல் கட்டணம் கேட்கவும் கூடாது. இந்த ஒரு விதியை எதிர்ப்பவர்கள் உங்கள் நண்பர்களிடையேகூட அநேகமாக இருக்க மாட்டார்கள். எல்லோருக்கும் பிடித்த இந்த விதியை வைத்துக்கொண்டு, யாருக்கும் பிடிக்காத கட்டாயத்தையும் வரியையும் மட்டும் நீக்கிவிடலாம் என்றுதான் பலரும் எண்ணுகிறார்கள். அதைச் செய்து பார்த்த ஒரு மாநிலம் இருக்கிறது. 1993இல் வாஷிங்டன் மாநிலம், நோயாளியை மறுக்கக் கூடாது என்றும், படிப்படியாக எல்லோரும் காப்பீடு பெற்றாக வேண்டும் என்றும் சட்டம் இயற்றியது. 1995இல் இரண்டாவது பாதியை நீக்கிவிட்டு முதல் பாதியை மட்டும் வைத்துக்கொண்டார்கள். எப்போது கேட்டாலும் கிடைக்கும் என்றானபின் நலமாக இருந்த பலர் காப்பீடு எடுக்காமல் இருந்தார்கள், நோய் வந்ததும் எடுத்தார்கள், குணமானதும் விட்டார்கள். எஞ்சியவர்களுக்குப் பிரீமியம் ஏறியது, ஏறியதால் இன்னும் சிலர் விலகினார்கள். 1999க்குள் பெரிய நிறுவனங்கள் புதிய தனிநபர் காப்பீடு விற்பதையே நிறுத்திவிட்டன. பணம் வைத்திருந்தவருக்கும் அம்மாநிலத்தின் பெரும்பாலான பகுதிகளில் காப்பீடு வாங்க வழியில்லை. கடைசியில் 2000இல் கடும் நோயாளிகளை மறுக்கும் உரிமையை நிறுவனங்களுக்குத் திரும்பக் கொடுத்த பிறகே சந்தை மீண்டது.

நம் ஊர்களின் குடிமராமத்தை நினைத்துப் பாருங்கள். மடைக்குப் பக்கத்தில் வயல் வைத்திருப்பவர், தனக்குத் தண்ணீர் எப்படியும் வந்துவிடும் என்று சொல்லி வண்டல் அள்ள வராமலிருக்க ஊர் விட்டதில்லை. அவர் வராவிட்டால் கடைமடைக்காரரும் வர மாட்டார், ஒரு நாள் கண்மாயே தூர்ந்துவிடும் என்பது எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

2006இல் மாசச்சூசெட்ஸ் மூன்றையும் ஒன்றாக இணைத்தது: மறுக்கக் கூடாது, எல்லோரும் சேர வேண்டும், இயலாதவருக்கு அரசு மானியம் தர வேண்டும். கையெழுத்திட்ட ஆளுநர் மிட் ராம்னி, குடியரசுக் கட்சிக்காரர். 2010இன் சட்டம் அந்த வரைபடத்தின் மீதுதான் எழுந்தது. பிறகு 2017இன் வரிச் சட்டம், காப்பீடு எடுக்காதவருக்கான அபராதத்தை 2019 முதல் பூஜ்யமாக்கியது. அப்படியும் சந்தை சரியவில்லையே என்று உங்கள் அணியினர் கேட்கக்கூடும். நல்ல கேள்விதான். சரியாததற்குக் காரணம் மானியம். பிரீமியத்தில் பெரும்பகுதியை அரசு ஏற்றுக்கொண்டதால் நலமானவர்களும் விலகாமல் இருந்தார்கள். ஆனால் 2021இல் உயர்த்தப்பட்ட மானியம், 2022இல் நீட்டிக்கப்பட்டபோதும் 2025 இறுதி வரை மட்டுமே என்று காலவரையறை போட்டு எழுதப்பட்டது. நோயாளியை மறுக்கக் கூடாது என்பதற்குக் காலவரையறை இல்லை, அதைத் தாங்கும் பணத்துக்கு மட்டும் காலவரையறை. சில ஆண்டுகளுக்கு ஒருமுறை நோயாளிகள் தலைநகரைப் பார்த்து அஞ்சிக்கொண்டிருக்கும் இந்த நிலை போதாது என்பதால்தான், வேலையிலிருந்து காப்பீட்டைப் பிரித்து, பிறந்த ஒவ்வொருவருக்கும் நிலையாகத் தரும் ஒரு தேசியச் சட்டம் வேண்டும் என்கிறேன்.

இது கனவு என்று சொல்லாதீர்கள். அதிபர் ட்ரூமன் 1945 நவம்பரில் தேசிய மருத்துவக் காப்பீட்டை அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸிடம் கேட்டார். மருத்துவர் சங்கம் அதைச் சோஷலிசம் என்று சொல்லித் தோற்கடித்தது. இருபது ஆண்டுகள் கழித்து, 1965 ஜூலை 30 அன்று, முதியோருக்கான மெடிகேர் சட்டத்தில் அதிபர் லிண்டன் ஜான்சன் கையெழுத்திட்டது ட்ரூமனின் ஊருக்கே சென்று, அவரை அருகில் வைத்துக்கொண்டுதான். ஓராண்டுக்குள், 1966 ஜூலை 1 அன்று, கணினி வசதி மிகக் குறைந்திருந்த அக்காலத்திலேயே, சுமார் 1.9 கோடி முதியோருக்குக் காப்பீடு நடைமுறைக்கு வந்தது. நிற வேறுபாடு பார்க்கும் மருத்துவமனைக்கு மெடிகேர் பணம் கிடையாது என்று அரசு உறுதியாக நின்றதால், தெற்கு மாநிலங்களில் கறுப்பினத்தவரைத் தனி வார்டில் வைத்திருந்த, அல்லது சேர்த்துக்கொள்ளவே மறுத்த நூற்றுக்கணக்கான மருத்துவமனைகள் சில மாதங்களில் தங்கள் கதவுகளைத் திறந்தன. நீங்களும் உங்கள் பிள்ளைகளும் இன்று தோலின் நிறம் பற்றிய கேள்வியே எழாமல் டெக்சாஸ் மருத்துவமனை ஒன்றில் நுழைவதற்கு, நீங்கள் மறுத்துப் பேசப்போகும் வகையைச் சேர்ந்த ஒரு சட்டத்துக்கும் பங்கு உண்டு. இதை என் உள்ளத்திலிருந்து சொல்கிறேன்: அதற்கு எதிராகப் பேசாதீர்கள். 65 வயதில் சரியான ஒன்று 19 வயதில் ஏன் தவறாக வேண்டும்?

கனடாவின் காத்திருப்பு உண்மை. மூட்டு மாற்று அறுவை சிகிச்சைக்கு அங்கே நெடுநாள் காத்திருக்கிறார்கள். அது பணியாளர்களையும் படுக்கைகளையும் கூட்டித் தீர்க்க வேண்டிய சிக்கல், அதற்கு மேல் அதில் பேச ஒன்றுமில்லை. உங்கள் மாநிலத்தைப் பாருங்கள். காப்பீடு இல்லாதவர் விகிதம் அமெரிக்காவிலேயே மிக அதிகம் டெக்சாஸில்தான். ஏழைகளுக்கான மெடிகெய்டை விரிவுபடுத்துவது மாநிலங்களின் விருப்பம் என்று 2012இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. டெக்சாஸ் மறுத்துவிட்டது. பிள்ளைகள் இல்லாத, கருவுற்றிராத, உடல் ஊனமில்லாத, 65 வயதாகாத, வயதுவந்த ஒருவர் அங்கே எவ்வளவு ஏழையாக இருந்தாலும் மெடிகெய்ட் கிடையாது. 2010இன் சட்டம் உருவாக்கிய காப்பீட்டுச் சந்தையின் மானியமோ வறுமைக் கோட்டு வருமானத்திலிருந்துதான் தொடங்குகிறது. ஆகவே வறுமைக் கோட்டுக்குச் சற்று மேலே இருப்பவருக்கு உதவி உண்டு, கீழே இருப்பவருக்கு இல்லை. குடியுரிமை பெற்ற உங்களுக்கு இப்போது வாக்கு இருக்கிறது. உங்கள் தொகுதியின் மாநிலச் சட்டமன்ற உறுப்பினரிடம் இதைப் பற்றி எழுதிக் கேளுங்கள். பொங்கல் மேடைக்கு முன்னால் செய்யத் தக்க வேலை அதுதான்.

என் நண்பருக்கு 2014இல் அந்தச் சந்தை வழியாகக் காப்பீடு கிடைத்தது. விண்ணப்பத்தில் நோயைப் பற்றிய கேள்வியே இல்லை என்று அன்றிரவு என்னை அழைத்துச் சொன்னார். இனி வரும் ஆண்டில் அவருக்கு 65 வயதாகிறது.

பெற்றோரைப் பற்றிக் கேட்டீர்கள். கிரீன் கார்டு கிடைத்தவுடன் மெடிகேர் வந்துவிடாது. அமெரிக்காவில் வேலை செய்து வரி செலுத்தியிராதவர்கள், ஐந்து ஆண்டுகள் தொடர்ந்து அங்கே வசித்த பிறகுதான் பணம் கட்டி அதில் சேர முடியும், அந்தத் தொகையும் சிறியதல்ல. இடைப்பட்ட ஆண்டுகளுக்கு என்ன காப்பீடு, அதன் டிடக்டிபிள், அதாவது காப்பீடு தரத் தொடங்கும் முன் நாமே கட்ட வேண்டிய தொகை, எவ்வளவு, மானியம் உண்டா என்பதை உரிமம் பெற்ற முகவரிடம் எழுத்தில் கேட்டு வாங்கிய பிறகு பயணச்சீட்டு எடுங்கள். அப்பா அம்மா ஏற்கெனவே உண்ணும் மாத்திரைகளின் பட்டியலையும் அவரிடம் கொடுங்கள்.

அன்புடன்.