குந்திக்குந்தி நடக்கிறவள் நான்தானா?

மதிப்பிற்குரிய ஆலோசகர் அம்மாவுக்கு,

எனக்கு வயது 46. இரண்டு வயதில் இளம்பிள்ளைவாதம் வந்து வலது கால் சூம்பிவிட்டது. காலைத் தாங்கும் கேலிப்பர் அணிந்து, கையில் ஒரு தடியும் வைத்துக்கொண்டு நடக்கிறேன். படித்தேன், கணக்கர் வேலையில் சேர்ந்தேன், சொந்தச் சம்பாத்தியத்தில் வாழ்கிறேன். காலுக்காக அழுத காலமெல்லாம் முடிந்துவிட்டது என்றுதான் நினைத்திருந்தேன்.

கைக்குழந்தையாக இருந்தபோதே எனக்கு ஞானஸ்நானம் கொடுத்துவிட்டார்கள். அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு ஒரே ஆலயத்தில் வளர்ந்தேன். அம்மா காலமான பிறகு வீட்டில் பேச ஆளில்லை. ஆலயத்திலிருந்து அடக்கத்துக்கு வந்தவர்கள் அதன்பின் எட்டிப் பார்க்கவில்லை. அந்த நாட்களில் ஒரு ஜெபக்குழுவினர் என்னைத் தேடி வந்தார்கள். சமைத்துக் கொண்டுவந்தார்கள், பக்கத்தில் உட்கார்ந்து பாடினார்கள், நான் தூங்கும்வரை ஒரு சகோதரி என் கையைப் பிடித்துக்கொண்டே இருந்தார். அந்த நன்றி என் உயிர் உள்ளவரை போகாது.

இப்போது ஞாயிறு காலையில் ஆலயம், மாலையில் ஜெபக்குழு என்று இரண்டு இடத்துக்கும் போகிறேன். முழுக்கு ஞானஸ்நானம் எடுக்கும்படி ஜெபக்குழுவில் சொல்கிறார்கள். எனக்கும் ஆசைதான். ஆனால் நாள் குறித்துவிட்டால் நெஞ்சு படபடக்கத் தொடங்குகிறது. காய்ச்சல் என்று சொல்லியிருக்கிறேன், ஆண்டுக் கணக்கு முடிக்க வேண்டும் என்று சொல்லியிருக்கிறேன். நாள் தள்ளிப்போனதும் நிம்மதியாக மூச்சு வருகிறது. சில வாரங்களில் ஏக்கம் மறுபடி பிடித்துக்கொள்கிறது. "முழுமனதோடு தண்ணீரில் இறங்குங்கள் சகோதரி, கரையேறும்போது உங்களுக்குத் தடி தேவைப்படாது" என்கிறார் மூப்பர். அதற்காக எல்லோரும் உபவாசம் இருக்கிறார்கள். நானும் இருக்கிறேன்.

போன மாதம் வெளியிலிருந்து வந்த ஒரு பிரசங்கியார், கர்மேல் மலையில் எலியா தீர்க்கதரிசி ஜனங்களைப் பார்த்துக் கேட்டதை எடுத்துப் பேசினார்: "நீங்கள் எந்தமட்டும் இரண்டு நினைவுகளால் குந்திக்குந்தி நடப்பீர்கள்." அதை விளக்க மேடையின் ஒரு கோடியிலிருந்து மறுகோடிவரை காலை இழுத்து இழுத்து நடந்து காட்டினார். முன்வரிசைப் பிள்ளைகள் திரும்பி என்னைப் பார்த்தார்கள். ஒரு தாய் தன் மகனின் தலையைப் பிடித்து முன்பக்கம் திருப்பிவிட்டார். அதுதான் எனக்கு இன்னும் வலித்தது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். ஒன்றிரண்டு ஆண்டுகளாகக் கால் மேலும் பலவீனமாகிக்கொண்டு வருகிறது. நன்றாக இருந்த இடது காலும் சோர்கிறது. கூட்டம் நடப்பது மாடியில். பிடிச்சுவர் இல்லாத படிகளில் ஏறி முடிப்பதற்குள் வியர்வையில் நனைந்துவிடுகிறேன். மூப்பரிடம் சொன்னபோது, "உள்ளம் தள்ளாடுகிறது, அதைத்தான் கால் காட்டுகிறது" என்றார்.

என் இருமனம்தான் என் காலைக் கெடுக்கிறதா? தேவனுடைய புத்தகமே என் நடையை எடுத்து மற்றவர்களைத் திட்டுகிறதே, அந்தப் புத்தகத்தில் எனக்கு இடம் இருக்கிறதா? நான் எந்தப் பக்கம் போவது?

பெயர் வெளியிட விரும்பாத வாசகி

அன்புச் சகோதரிக்கு,

முதலில் காலைப் பற்றிப் பேசிவிடுகிறேன். மற்றதெல்லாம் பொறுத்துக்கொள்ளும், இது பொறுக்காது.

இளம்பிள்ளைவாதக் கிருமி தசைகளை இயக்கும் முதுகுத்தண்டு நரம்பணுக்களை அழித்துவிடுகிறது. தப்பிப் பிழைத்த நரம்பணுக்கள் புதிய கிளைகளை விட்டு, அநாதையான தசைநார்களையும் சேர்த்து இயக்கக் கற்றுக்கொள்கின்றன. பத்துப் பேர் தூக்க வேண்டிய பாரத்தை நான்கு பேர் தூக்கிக்கொண்டு பல ஆண்டுகள் நடப்பது போன்ற நிலை இது. பதினைந்து, இருபது, நாற்பது ஆண்டுகள் கழித்துக்கூட அந்த நரம்பணுக்கள் களைத்துப் போகலாம். புதிய பலவீனம், அளவுக்கு மீறிய சோர்வு, மூட்டுவலி எல்லாம் அப்போது வரும். நல்ல கால் என்று நாம் நம்பியிருந்த காலிலும் வரும். மருத்துவர்கள் இதைப் போஸ்ட் போலியோ சிண்ட்ரோம் என்கிறார்கள். உங்களுக்கு இருப்பது இதுதான் என்று கடிதத்தைப் படித்துவிட்டு என்னால் சொல்ல முடியாது. இதை உறுதிசெய்யத் தனியாக ஒரு பரிசோதனையும் இல்லை. தைராய்டு, ரத்தசோகை, முதுகெலும்பில் நரம்பு அழுத்தம் போன்ற மற்றக் காரணங்களை ஒவ்வொன்றாக விலக்கித்தான் இந்த முடிவுக்கு வருவார்கள். ஆகவே நரம்பியல் மருத்துவரையோ மறுவாழ்வு மருத்துவரையோ இந்த மாதமே பாருங்கள். இரண்டு வயதில் போலியோ வந்ததை முதல் வாக்கியத்திலேயே சொல்லுங்கள். கேலிப்பரையும் சரிபார்க்கச் சொல்லுங்கள். பார்க்கும்வரை உபவாசத்தை நிறுத்தி வையுங்கள், பாடும்போது உட்கார்ந்து பாடுங்கள்.

உங்கள் மனம் தள்ளாடுவதால் உங்கள் கால் பலவீனமாகிறது என்பதை நான் ஏற்கவில்லை. மூப்பர் நல்லெண்ணத்தோடு சொன்னவராக இருந்தாலும், மருத்துவமனைக்குப் போக வேண்டிய ஒருவரை மனச்சாட்சியோடு மல்லுக்கட்ட வைத்துவிட்டார்.

பெதஸ்தா குளத்தருகே 38 ஆண்டுகளாகக் கிடந்த மனிதனிடம் இயேசு பிறகு "பாவஞ்செய்யாதே" என்று சொன்னதை அவர்கள் உங்களுக்கு எடுத்துக் காட்டக்கூடும். அது அந்த ஒரு மனிதனிடம் சொன்னது. அதே யோவான் சுவிசேஷத்தில் நான்கு அதிகாரங்கள் தள்ளி, பிறவிக் குருடனைப் பார்த்து, "இவன் செய்த பாவமா, இவன் பெற்றோர் செய்த பாவமா" என்று சீஷர்கள் கேட்கிறார்கள். இரண்டும் இல்லை என்று இயேசு மறுத்துவிடுகிறார். ஊனத்தைப் பார்த்ததும் பாவக்கணக்குப் பார்க்கும் பழக்கம் அவருடைய சீஷர்களுக்கே இருந்திருக்கிறது. அவர் அதைத் தடுத்திருக்கிறார்.

இனி கர்மேலுக்கு வருவோம். அங்கே குந்திக்குந்தி நடந்தவர்கள் யார்? மலையேறி வந்து கூடி நிற்கத் தெம்பு இருந்த ஜனங்கள். மூன்றாம் ஆண்டாக மழை இல்லை. பாகால் மழைக்கும் இடிக்கும் உரிய தெய்வம் என்று அந்த நிலத்தில் நம்பினார்கள். பாகாலுக்கு 450 தீர்க்கதரிசிகள் இருந்தார்கள், ஆகாப் ராஜாவின் மனைவி யேசபேலின் ஆதரவும் பாகாலுக்கே இருந்தது. கர்த்தரை விட்டால் முன்னோரின் உடன்படிக்கை போய்விடும், பாகாலை விட்டால் மழையும் அரண்மனைத் தயவும் போய்விடும். எதையும் இழக்க மனமில்லாமல் இரண்டையும் வைத்துக்கொண்டார்கள். எலியா கேட்டபோது அவர்கள் வாய் திறக்கவில்லை என்று அந்த வசனமே சொல்கிறது. இரண்டையும் விடாத அந்தப் பிடியைத்தான் அவர் கண்டித்தார். உங்களுக்கு ஒருபக்கம் அம்மாவோடு பாடிய ஆலயம், மறுபக்கம் அம்மாவின் மரணத்தில் உங்களைத் தாங்கிய ஜெபக்குழு. இரண்டு இடத்திலும் நீங்கள் தொழுவது ஒரே கர்த்தரைத்தான். இதில் பாகால் எங்கே வந்தான்? அந்த வசனம் உங்கள்மேல் போட்ட பொருந்தாத சட்டை.

அடுத்த அதிகாரத்தையும் அந்தப் பிரசங்கியார் வாசித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். ஜனங்களை அதட்டிய அதே எலியா, யேசபேலின் மிரட்டலுக்குப் பயந்து ஓடி, ஒரு சூரைச்செடியின் கீழ் விழுந்து, "போதும், என் உயிரை எடுத்துக்கொள்ளும்" என்கிறார். அங்கே அவருக்கு ஒரு கண்டனமும் வரவில்லை. தூங்க விடுகிறார்கள், தழலில் சுட்ட அடையும் தண்ணீரும் வருகின்றன. "எழுந்திருந்து போஜனம்பண்ணு, நீ பண்ணவேண்டிய பிரயாணம் வெகுதூரம்" என்கிறான் தூதன். தளர்ந்துபோனவரைத் தேவன் நடத்தும் விதம் அது.

உங்களுக்கு அந்தப் புத்தகத்தில் இடம் இருக்கிறதா என்று கேட்டீர்கள். உங்களிடம் மழுப்ப மாட்டேன். முடமானவன் பலிபீடத்தண்டையில் சேரக் கூடாது என்று லேவியராகமம் 21ஆம் அதிகாரம் சொல்கிறது. ஆசாரியர்களுக்கான அந்தக் கட்டளையை வாசிக்கும்போது உங்களுக்கு வலித்தால் அந்த வலி நியாயமானது. ஆனால் அதே வேதத்தில் குருடரும் சப்பாணிகளும் தேவாலயத்துக்குள்ளேயே இயேசுவிடம் வருகிறார்கள், மத்தேயு 21ஆம் அதிகாரத்தில். தாவீது ராஜாவின் நண்பன் யோனத்தானின் மகன் மேவிபோசேத் இருக்கிறான். ஐந்து வயதில், தாதி அவனைத் தூக்கிக்கொண்டு பதறி ஓடும்போது விழுந்து முடமானவன். யார் பாவமும் அங்கே பேசப்படவில்லை. தாவீது அவனை லோதேபாரிலிருந்து அழைப்பித்துத் தன் பந்தியில் உட்கார வைக்கிறார். அந்த அதிகாரத்தின் கடைசி வரியில் அவன் ராஜாவின் பந்தியில் நித்தமும் சாப்பிடுகிறான், இரண்டு காலும் முடமாகவே இருக்கின்றன. கால் சரியானால்தான் நாற்காலி என்று அங்கே யாரும் சொல்லவில்லை.

யாக்கோபை நான் அதிகம் நினைத்துக்கொள்வேன். இரண்டு காலும் திடமாக இருந்தவரை அண்ணன் ஏசாவிடமிருந்து ஓடினான், பிறகு மாமன் லாபானிடமிருந்து ஓடினான். யாபோக்கு ஆற்றங்கரையில் தன்னை எதிர்ப்பட்ட ஒருவரோடு இரவு முழுவதும் போராடித் தொடைச்சந்து சுளுக்கிய பிறகும், "நீர் என்னை ஆசீர்வதித்தாலொழிய உம்மைப் போகவிடேன்" என்று பற்றிக்கொண்டான். விடிந்ததும் நொண்டிக்கொண்டே, 400 ஆட்களோடு வந்த அண்ணனை எதிர்கொள்ளப் போனான். ஓட்டம் நின்றது அந்த நடையில்தான். பிரசங்கியார் மேடையில் காட்டிய நடையை ஆதியாகமம் அந்த இரவில் அவனுக்குக் கிடைத்த இஸ்ரவேல் என்ற பெயரோடு சேர்த்து எழுதி வைத்திருக்கிறது.

இப்போது நீங்கள் தள்ளிப்போட்டுக்கொண்டே வரும் ஞானஸ்நானம். ஒரே காரியம் நம்மை இழுக்கவும் அச்சுறுத்தவும் செய்தால் என்ன ஆகும் என்பதை உளவியலாளர் கர்ட் லெவின் 1930களிலேயே விளக்கியிருக்கிறார். தூரத்தில் இருக்கும்போது ஆசை பெரிதாக இருக்கும். நெருங்க நெருங்கப் பயம் ஆசையைவிட வேகமாக வளரும். விலகினால் பயம் குறையும், ஆசை மறுபடி எழும். நாள் குறித்ததும் படபடப்பு, தள்ளிப்போனதும் நிம்மதி, பிறகு ஏக்கம் என்று நீங்கள் எழுதியிருப்பது அப்படியே இதுதான். ஒவ்வொரு முறை கிடைக்கும் அந்த நிம்மதியே அடுத்த முறையும் தள்ளிப்போடக் கற்றுக்கொடுத்துவிடுகிறது. இதற்கு முழுமனம் இல்லை என்று பெயர் வைத்துத் திட்டினால் பயம் கூடுமே தவிர முடிவு பிறக்காது.

எதற்குப் பயப்படுகிறீர்கள்? உங்கள் கடிதத்தைத் திரும்பத் திரும்பப் படித்தேன். தண்ணீருக்குப் பயம் இல்லை, கர்த்தருக்கும் பயம் இல்லை. கரையேறியதும் நீங்கள் தடிக்காகக் கை நீட்டும் அந்த நொடி இருக்கிறதே, அத்தனை பேர் உபவாசமிருந்து காத்திருக்க, அதுதான் உங்களைத் தடுக்கிறது என்று எனக்குத் தோன்றுகிறது. கால் நேராகவில்லை என்றால், தேவன் கைவிட்டார் அல்லது நீங்கள் முழுமனதோடு இறங்கவில்லை என்று இரண்டில் ஒரு தீர்ப்பு அங்கேயே எழுதப்பட்டுவிடும். அந்த நிபந்தனையோடு யார்தான் துணிந்து இறங்குவார்கள்? உங்கள் தயக்கம் உங்களைக் காப்பாற்றிக்கொண்டிருக்கிறது.

எனவே நிபந்தனையைக் கழற்றிவிடுங்கள். மூப்பரைத் தனியாகச் சந்தித்து, இப்படிச் சொல்லலாம்: "ஐயா, நான் ஞானஸ்நானம் எடுப்பதாக இருந்தால் என் விசுவாசத்துக்காக எடுக்கிறேன். அன்றைக்கு என் காலைப் பற்றி யாரும் ஜெபிக்கவோ சாட்சி கேட்கவோ வேண்டாம். தடியோடு இறங்கி, தடியோடு ஏறுவேன்." அவர் ஒத்துக்கொண்டால், இந்தப் பயத்தை எடுத்துவிட்ட பிறகும் உங்களுக்கு ஆசை இருக்கிறதா என்று அமைதியாகப் பாருங்கள். ஒத்துக்கொள்ளவில்லை என்றால், அங்கே தயங்குவது சரிதான்.

அப்போதும் ஒரு கனம் மீதி இருக்கும் என்று நினைக்கிறேன். சிறுபிள்ளையில் உங்களுக்குக் கிடைத்த ஞானஸ்நானத்துக்கு உங்களை ஏந்திக்கொண்டு போனவர் அம்மா. மறுபடி எடுப்பது அவருடைய விசுவாசத்தைத் தள்ளுவதாக எங்கேயோ உறுத்துகிறதா? ஞாயிறு காலையில் நீங்கள் ஆலயத்துக்குப் போவது ஆராதனைக்கா, அம்மா உட்கார்ந்த இடத்தைப் பார்க்கவா? இரண்டுமாகக்கூட இருக்கலாம், தவறே இல்லை. ஆனால் துக்கத்தைத் துக்கமாகவே அழ வேண்டும். அதைச் சபையைத் தேர்ந்தெடுக்கும் கேள்வியாக மாற்றி வைத்திருந்தால் எந்தச் சபையும் பதிலாகாது. நம்பிக்கையான ஒருவரிடம் அம்மாவைப் பற்றி மட்டும் பேசுங்கள். ஆலயத்தின் ஆயரிடமும், அடக்கத்துக்குப் பிறகு ஒருவரும் வராதது உங்களை எவ்வளவு வருத்தியது என்று சொல்லிவிடுங்கள். அவர்கள் அதைக் கேட்டாக வேண்டும்.

சந்தேகத்தோடு ஜெபிக்கலாமா என்று நீங்கள் கேட்கவில்லை. ஆனாலும் சொல்கிறேன். "விசுவாசிக்கிறேன் ஆண்டவரே, என் அவிசுவாசம் நீங்கும்படி உதவிசெய்யும்" என்று ஒரு தகப்பன் கதறினான். ஒரே வாக்கியத்தில் இரண்டு மனமும் இருக்கிறது. இயேசு அவனைத் திருப்பி அனுப்பவில்லை, அவன் மகனைக் குணமாக்கினார்.

அந்த மாடிப்படி விஷயத்தையும் விடாதீர்கள். எபிரெயர் நிருபம் 12ஆம் அதிகாரத்தில், முடமாயிருக்கிறது பிசகிப்போகாமல் சொஸ்தமாகும்படி வழிகளைச் செவ்வைப்படுத்துங்கள் என்ற கட்டளை முழுச் சபைக்கும் கொடுக்கப்பட்டிருக்கிறது. உங்களுக்காக உபவாசமிருப்பவர்கள் கூட்டத்தைக் கீழ்த்தளத்துக்கு மாற்றட்டும், முடியாவிட்டால் படியோரம் ஒரு கைப்பிடிக் கம்பியாவது பொருத்தட்டும். கேட்கக் கூச்சமாக இருந்தால், அன்று உங்கள் கையைப் பிடித்துக்கொண்டிருந்த அந்தச் சகோதரியைக் கேட்கச் சொல்லுங்கள்.

எந்தச் சபை என்ற முடிவுக்கு இப்போது அவசரம் இல்லை. மருத்துவர் என்ன சொன்னார் என்று எழுதுங்கள், மூப்பரிடம் பேசியதையும் எழுதுங்கள். அதன்பின் மீதியைப் பேசுவோம்.

அன்புடன்,
உங்கள் ஆலோசகர்