ஹனோய்க்குப் போகும் புளிக்காய்ச்சல்

கேள்வி: தீபாவளி விடுமுறையில் ஐந்து நாள் குடும்பத்தோடு வியட்நாம் போகிறோம். ஹனோய், டா நாங், சைகோன் என்று முக்கிய நகரங்கள் எல்லாவற்றையும் பார்த்துவிட முடியுமா? அங்கே நம்ம சாப்பாடு கிடைக்குமா? (பெயர் வெளியிட வேண்டாம், திருச்சி)

பதில்: வியட்நாம் போவதற்குப் பெயரை எதற்கு ஐயா மறைக்க வேண்டும்? விஷயம் வெளியே தெரிந்தால் சொந்தக்காரர்கள் "எனக்கு ஒரு கிலோ முந்திரி" என்று சீட்டு எழுதி அனுப்புவார்கள் என்ற பயமாகத்தான் இருக்கும். நியாயமான பயம். உலகத்துக்கே முந்திரி உடைத்து அனுப்புகிற நாடு அது.

2023இல் திருச்சியிலிருந்து சைகோனுக்கு நேரடி விமானம் விட்டாலும் விட்டார்கள், இந்தப் பக்கத்துக்கு வியட்நாம் கடிதங்கள் நிற்கவே இல்லை. அரசாங்கக் கணக்கில் அந்த ஊர் ஹோ சி மின் நகரம். ஊர்க்காரர்கள் வாயில் இன்னும் சைகோன்தான். ஒரு கடிதத்திலாவது அந்த ஊரின் வரலாறு என்ன, போர் எப்படி முடிந்தது என்ற கேள்வி உண்டா? கிடையாது. 'நம்ம சாப்பாடு' மட்டும் தவறாமல் உண்டு.

நம்ம சாப்பாடு என்றால் எது? 'தென்னிந்தியச் சமையல்காரர் உடன் வருகிறார்' என்று கொட்டை எழுத்தில் போடும் சுற்றுலா விளம்பரங்களைப் பார்க்கிறேன். ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் பறந்துபோய், ஹனோய் ஓட்டல் அறையில் கதவைச் சாத்திக்கொண்டு, கெட்டில் வெந்நீரை ரெடிமேட் உப்புமாவில் ஊற்றிக் கிளறி, தொட்டுக்கொள்ளப் புளிக்காய்ச்சல் பாட்டிலைத் திறக்கிறார்கள். அதே நேரத்தில் ஜன்னலுக்குக் கீழே, தெருவோரத்தில், ஓர் அம்மாள் கொதிக்கும் பானையின் வாயில் துணியை இழுத்துக் கட்டியிருப்பார். நம் பாட்டிமார் இட்லித் தட்டில் ஈரத்துணி விரித்த மாதிரிதான். அதன் மேல் ஒரு கரண்டி அரிசி மாவு, மெல்லிசாக ஒரு தேய்ப்பு, மூடி. அரை நிமிஷத்தில் மூங்கில் குச்சியை உள்ளே விட்டு அந்த ஆவி பறக்கும் ஏட்டை அப்படியே தூக்கி, உள்ளே காளானும் கொத்திய பன்றிக்கறியும் வைத்துச் சுருட்டி, மேலே பொரித்த சின்ன வெங்காயத்தைத் தூவிக் கொடுப்பார். பான் குவோன் என்று பெயர். அரிசி, ஆவி, துணி, சின்ன வெங்காயம். இதில் எது நம்முடையது இல்லை? பன்றிக்கறி வேண்டாமென்றால் வெறும் ஏட்டை வாங்கிக்கொள்ளுங்கள், தருவார்கள்.

சைகோனில் கொம் தாம் சாப்பிடுங்கள். வேறொன்றுமில்லை, நொய்ச் சோறு. ஆலையில் உடைந்து விலைபோகாமல் கிடந்த நொய்யை ஏழைகள் பொங்கித் தின்றார்கள். இன்று அந்த நகரத்தின் பெருமையே அதுதான். சுட்ட பன்றித் துண்டு, முட்டை, ஊறவைத்த கேரட், வெங்காயத்தாள் எண்ணெய் எல்லாம் சேர்த்துக் காலை ஆறு மணிக்கே விற்கிறார்கள். நம் ஊரில் நொய் என்றால் கோழிக்குப் போடுவோம், ஜுரம் வந்தால் கஞ்சி வைப்போம். ஓட்டலில் நொய் சாதம் கேட்டுப் பாருங்கள், சர்வர் உங்களை ஏற இறங்கப் பார்ப்பார்.

ஓட்டல் என்றதும் என் பழைய வழக்கு ஞாபகம் வருகிறது. 'மல்ட்டி குசின்' போர்டு மாட்டிய இடங்களைப் பற்றி முன்பு இதே பக்கத்தில் எழுதியதற்கு வந்த வசைக் கடிதங்களை இன்னும் பத்திரமாக வைத்திருக்கிறேன். என் கட்சி மாறவில்லை. பரோட்டா, பாஸ்தா, பிரியாணி, மஞ்சூரியன் எல்லாம் ஒரே கடாயில் புரளும் இடத்தில் எதற்கும் ருசி இருக்காது. ஹனோயின் நல்ல கடைகளில் மெனு அட்டையைத் தேடாதீர்கள். ஒரு கடைக்கு ஒரு பதார்த்தம். பாத்திரம் காலியானால் ஷட்டர் இறங்கிவிடும். ஃபோ என்ற நூடுல்ஸ் சூப் பெரும்பாலும் காலைச் சாப்பாடு, பூன் சா மதியச் சாப்பாடு. நேரம் தவறினால் போச்சு. அந்தக் காலை வேளையில் நம் சுற்றுலாக் கூட்டம் எங்கே நிற்கும்? ஓட்டல் பஃபேயில், டோஸ்டர் முன்னால். காசு கொடுத்தாயிற்றே, இலவச டிபனை விட மனசு வருமா!

பூன் சா என்றதும் ஒபாமா. 2016இல் அமெரிக்க ஜனாதிபதியாக இருந்தபோது, சமையல்காரர் ஆண்டனி போர்டெய்னோடு ஹனோயில் ஒரு சாதாரணக் கடை மாடியில் பிளாஸ்டிக் ஸ்டூலில் உட்கார்ந்து சாப்பிட்டார். கரியில் சுட்ட பன்றிக்கறி, சேவை, கீரை, பீர். இரண்டு பேருக்கும் பில் ஆறு டாலர். பிறகு கடைக்காரர் அந்த மேசை, ஸ்டூல், தட்டு, பாட்டில் எல்லாவற்றையும் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்துவிட்டார். ஆள் சாப்பிட்ட மேசையைப் பெட்டிக்குள் போட்டுப் பூட்டுவது நம்மவர்களுக்கு மட்டும் வரும் கலை என்று இத்தனை நாள் நினைத்திருந்தேன். நம் ஊராக இருந்தால் கூடவே ஒரு உண்டியலும் வைத்திருப்பார்கள்.

சைவமா நீங்கள்? 'சாய்' என்று போர்டு தெரிந்தால் டீக்கடை என்று நினைத்துத் தாண்டிப் போய்விடாதீர்கள். அங்கே சாய் என்றால் சைவம். சந்திர மாதத்தின் முதல் நாளிலும் பௌர்ணமியிலும் பௌத்தர்கள் பலர் மாமிசம் தொடுவதில்லை. பழைய தலைநகரமான ஹுவேயில் சைவச் சமையல் நிஜமாகவே ஒரு கலை. மற்ற கடைகளில் கவனம்: நெத்திலியை உப்பில் மாதக்கணக்கில் ஊறவைத்து வடிக்கும் நுவோக் மாம் இல்லாத குழம்பே இல்லை. 'காய்கறிதான்' என்று அவர்கள் சொல்வது பொய்யல்ல. மீன் வடிநீர் அவர்கள் கணக்கில் உப்பு. ஃபோவும் பெரும்பாலும் மாட்டு எலும்புச் சாறு. மாடு மட்டும் வேண்டாதவர்கள் கோழி ஃபோ கேட்கலாம்.

இனி காபி. கும்பகோணத்து அன்பர்கள் அடுத்த பாராவைத் தாண்டிப் போகலாம், நமக்குள் ஏற்கெனவே மனஸ்தாபம் போதும்.

பிரேசிலுக்கு அடுத்தபடியாக உலகத்துக்குக் காபி ஏற்றுமதி செய்கிற நாடு வியட்நாம். பெரும்பாலும் ரொபஸ்டா ரகக் கொட்டை. 'அதெல்லாம் மட்டம்' என்று மூக்கைச் சுளிக்கும் டிகிரி காபிக்காரர்கள், டம்ளர் மேலேயே உட்காரும் அந்தச் சின்னத் தகர ஃபில்டரில் சொட்டுச் சொட்டாக இறங்கும் டிகாக்ஷனைக் கண்டென்ஸ்டு மில்க்கில் கலந்து, ஐஸ் மேல் ஊற்றிக் குடித்துவிட்டு வந்து பேசட்டும். சிக்கரி என்ற வேரைப் பொடித்துக் கலப்பவர்களுக்கு ரொபஸ்டாவைப் பழிக்க என்ன யோக்கியதை? ஹனோயில் முட்டைக் காபியும் உண்டு. 1946இல் பால் கிடைக்காத பஞ்சத்தில், மெட்ரோபோல் ஓட்டலில் வேலை பார்த்த கியாங் என்பவர் மஞ்சள் கருவைச் சர்க்கரையோடு நுரைக்க அடித்து மேலே விட்டார். ஆறாமலிருக்கக் கோப்பையை வெந்நீர்க் கிண்ணத்தில் வைத்துத் தருகிறார்கள். முதல் வாய் பாயசம், அடி வாய் கஷாயம்.

அப்புறம், முக்கிய நகரங்கள். ஹனோயிலிருந்து சைகோனுக்கு ரயிலில் 1,726 கிலோமீட்டர், முப்பது மணி நேரத்துக்கு மேல். விமானத்தில் போனாலும் பெட்டி கட்டுவது, பெட்டி பிரிப்பது, செக்-இன் என்று நகரத்துக்கு அரை நாள் போய்விடும். இதில் டா நாங்கை எதற்குச் சேர்க்கிறீர்கள் என்று எனக்குத் தெரியும். பா நா மலையில் இரண்டு பெரிய கைகள் தாங்கும் அந்தப் பாலத்தில் போட்டோ எடுக்க. பாசி பிடித்த பழங்காலக் கல் மாதிரி இருக்கும் அந்தக் கைகள் கம்பி வலையும் ஃபைபர் கிளாஸும், திறந்தது 2018இல். நிஜமான பழங்கல் வேண்டுமா? அதே டா நாங்கில் 1919இல் திறந்த, அந்தப் பகுதியை முன்பு ஆண்ட சாம் இனத்தாரின் சிற்ப அருங்காட்சியகம் இருக்கிறது. கொஞ்ச தூரத்தில் மீ சோன், சாம் மன்னர்கள் நூற்றாண்டுக் கணக்கில் சிவனுக்குக் கட்டிய செங்கல் கோயில்கள். மிகப் பெரிய கோபுரத்தை 1969இல் அமெரிக்கக் குண்டு தரைமட்டமாக்கியது. மிச்சமிருப்பதில் சிலவற்றைப் பழுதுபார்த்தவர்கள் நம் தொல்லியல் துறையினர். 2020இல் மண்ணுக்குள்ளிருந்து ஒரு மணற்கல் லிங்கத்தையும் எடுத்தார்கள். பேக்கேஜ் பஸ் பெரும்பாலும் அங்கே போகாது. ரோப் கார் இல்லையே!

சைகோனில் 'நம்ம' என்ற சொல்லுக்கு வேலை உண்டு. பிரெஞ்சுக்காரர் காலத்தில் நகரத்தார் அங்கே கொடுக்கல் வாங்கல் நடத்தி, முருகனுக்குத் தண்டாயுதபாணி கோயில் கட்டினார்கள். மாரியம்மனுக்கும் ஒரு கோயில் உண்டு. இப்போது அங்கே ஊதுபத்திக் கட்டோடு வரிசையில் நிற்பவர்களில் பெரும்பாலோர் வியட்நாம்காரர்கள். அம்மனுக்கு அங்கே போன பிறகு 'நம்ம சாப்பாடு' பிரச்சினை எதுவும் வந்ததாகத் தெரியவில்லை.

ஆகவே ஹனோய் ஒன்று, இல்லை சைகோன் ஒன்று. திருச்சிக்காரர் என்பதால் சைகோனைச் சொல்வேன். ஒரே தூக்கத்தில் போய் இறங்கிவிடலாம். தீபாவளிக்கு மட்டும் டா நாங் பக்கம் போகாதீர்கள். அக்டோபர், நவம்பரில்தான் நடு வியட்நாமுக்குப் பெருமழை. ஹோய் ஆன் பழைய வீதிகளில் படகு விடுவார்கள். சந்திரப் புத்தாண்டு வாரத்திலும் வேண்டாம், நல்ல கடைகளில் பாதி பூட்டியிருக்கும். மார்ச் உத்தமம். மார்ச்சில் பிள்ளைகளுக்குப் பரீட்சை என்று அடுத்த கடிதம் போடுவீர்கள். அதை நேராகக் கல்விப் பக்கத்துக்கு அனுப்பிவிடுங்கள். அந்தப் பக்கத்து அம்மையார் என்னைவிடப் பொறுமைசாலி.